இரண்டு பெண்களுக்கு ஒரு கூறை

என் அம்மா பாஞ்சாலை இந்த மார்ச் மாதம் இறந்தார். ஐம்பத்து நான்கு வயது. அதில் நாற்பது வருடம் கேமரன் மலையில் ஒரே தேயிலைத் தோட்டத்தில் கொழுந்து பறித்தவர். நாங்கள் பள்ளிக்கூடம் போய்க்கொண்டிருந்தபோதே அப்பா தவறிவிட்டார். அதன் பிறகு எல்லாம் அம்மாதான். அவரைப் பற்றி எழுத உட்கார்ந்தால் என் தங்கை நவமணியின் கல்யாணம்தான் முன்னால் வந்து நிற்கிறது. அது நடந்தது 1977, வைகாசி. நடந்தபடியே எழுதுகிறேன்.

எனக்கு அப்போது இருபத்து மூன்று வயது. தொழிற்பயிற்சி முடித்து ஈப்போவில் ஒரு பட்டறையில் கடைசல் இயந்திரத்தில் வேலை. அளவெடுப்பது என் தொழில். கல்யாணச் செலவையும் கட்டம் போட்ட தாளில் எழுதி, வெட்டக்கூடியதை எல்லாம் வெட்டினேன்.

மண்டபம் வேண்டாம். தோட்டத்து மாரியம்மன் கோயில் போதும். பத்திரிகை அடிக்க வேண்டாம். தோட்டத்து வரிசை வீடுகளில் லயம் லயமாகப் போய் வெற்றிலை பாக்கு வைத்து அழைத்துவிடலாம். பூவுக்குத் திரிங்காப்பில் ஒரு பூந்தோட்டக்காரர், காம்பு குட்டையாகிப்போனதால் லோரியில் ஏற்றாத சாமந்தியைச் சும்மாவே தருகிறேன் என்றார். காய்கறி மாப்பிள்ளை வீட்டுப் பொறுப்பு. மாப்பிள்ளை பழனியப்பனின் குடும்பத்துக்குக் கோலா தெர்லாவில் காய்கறித் தோட்டம். அவருடைய அப்பா சின்னக்கருப்பன் பேச வந்த அன்றே சீர் எதுவும் வேண்டாம் என்று சொல்லிவிட்டார்.

"கோஸ் மூட்ட தூக்க ஒரு ஆளு வேணும். அதுக்குத்தான் இந்தக் கல்யாணமே லா," என்றார். நவமணி உள்ளேயிருந்து, மூட்டை தூக்குகிற ஆளுக்குச் சம்பளம் எவ்வளவு என்று கேட்டாள். அவர் சிரித்துச் சிரித்து இருமினார்.

நான் வெட்டிய எதற்கும் அம்மா மறுப்புச் சொல்லவில்லை. நகையைப் பாதியாக்கியபோதுகூட. கடைசியாகக் கூறைச் சேலை ஒன்று என்று எழுதினேன். அம்மாவுக்குப் படிக்கத் தெரியாது. ஆனாலும் என் கை போன தினுசைப் பார்த்தே சொன்னார்.

"ரெண்டுன்னு எழுது."

"யாருக்கும்மா இன்னொன்னு?"

"அக்காளுக்கு."

நவமணி அரிசி புடைப்பதை நிறுத்தினாள். பன்னிரண்டு வருடமாக எங்கள் வீட்டில் யாரும் சொல்லாத வார்த்தை அது.

எங்கள் அக்கா ரஞ்சிதம் 1965இல் இறந்தாள். பதின்மூன்று வயது. அம்மாவுக்குத் தூக்குச்சட்டியில் தேத்தண்ணி எடுத்துக்கொண்டு ஒன்பதாம் நம்பர் மலைக்குப் போனாள். பனி இறங்கிவிட்டது. அங்கே பனி இறங்கினால் கையில் இருக்கும் கூடை தெரியாது. "அம்மா" என்று இரண்டு தடவை கூப்பிட்டிருக்கிறாள். கொழுந்து நிறுக்கும் நேரம் நெருங்கியிருந்தது. அம்மா கையை நிறுத்தவில்லை. "இந்தா இருக்கேன், வா" என்று குரல் மட்டும் கொடுத்தார். அக்கா அந்தக் குரலைப் பார்த்து நேராக நடந்திருக்கிறாள். இடையில் சரிவு இருந்தது. மறுநாள் மத்தியானம் கீழே ஓடையில் கண்டுபிடித்தார்கள்.

அதற்குப் பிறகு ஒன்பதாம் நம்பரில் ஒரு வழக்கம் வந்தது. பனிக்குள் "அம்மா" என்று யார் கூப்பிட்டாலும் ஒருவரும் பதில் தரமாட்டார்கள். ஒருவரை ஒருவர் பேர் சொல்லித்தான் கூப்பிட்டுக்கொள்வார்கள். வருடத்தில் நான்கைந்து தடவை அந்தக் கூப்பாடு வரும் என்று சொல்வார்கள். அப்போது மற்றப் பெண்கள் வாயை மூடிக்கொண்டு பறிப்பார்கள். அம்மா மட்டும் பறிப்பதை நிறுத்திவிட்டு நிற்பார்.

கல்யாணம் ஆகாமல் இறந்த பெண் எங்கள் பக்கத்தில் வீட்டுக் கன்னி. வீட்டில் ஒரு நல்ல காரியம் என்றால் முதலில் அவளுக்குப் புதுத்துணி வைத்துப் படைக்க வேண்டும். அது எனக்கும் தெரியும். ஒரு பாவாடைத் துணி போதுமே என்றேன்.

"பாவாட சின்னப் புள்ளைக்கு. அவளுக்கு இருவத்தஞ்சு ஆவுது," என்றார் அம்மா. "மூத்தவ இருக்கும்போது எளையவளக் கட்டிக் குடுக்கறோம். அவ சரின்னு சொல்லணும். இல்லாட்டி இவள வாழ விடமாட்டா."

ஒரு கூறைக்கே இரண்டு மாதமாகச் சேர்த்துக்கொண்டிருந்தோம். எழுதிய ஒன்றை மாற்றாமல் தாளை மடித்தேன். அம்மா பார்த்துக்கொண்டிருந்தார்.

அடுத்த வாரம் ஈப்போவிலிருந்து வந்தபோது செல்லம்மா அத்தை வழிமறித்தார். பக்கத்து லயம். தையல் மெஷின் வைத்திருப்பவர் அவர் ஒருவர்தான். கூறையோடு வரும் ரவிக்கைத் துண்டில் ஒரு ரவிக்கைதான் வரும், அதை யார் அளவுக்குத் தைப்பது என்று கேட்டார். நவமணி அளவுக்குத்தான் என்றேன்.

"ஒங்கம்மா முப்பத்து நாலுங்கறா. நவமணி முப்பத்து ரெண்டுதானே? நானும் வருசா வருசம் தச்சுக் குடுக்கறேன், யாருக்குன்னு கேட்டதில்ல. கேக்கவும் பயம்."

எந்த வருடா வருடம் என்று எனக்குப் புரியவில்லை. அம்மா வேலையிலிருந்து வருமுன் வீட்டுத் தகரப் பெட்டியைத் திறந்தேன். அடியில் பன்னிரண்டு ரவிக்கைகள். தீபாவளிக்கு ஒன்று. 1965 முதல் 1976 வரை.

இரும்பு அளவுகோல் என் பையில் இருந்தது. ஒவ்வொன்றாக விரித்து அளந்தேன். முதலாவது மார்பளவு இருபத்தெட்டு. அடுத்தது இருபத்தொன்பதரை. அடுத்தது முப்பத்தொன்று. அதன்பின் ஏற்றம் குறைந்தது. 1970இல் முப்பத்து நான்கு. பிறகு மாற்றமே இல்லை. ஒரு பெண் எப்படி வளர்வாளோ அப்படியே இருந்தது. ஒரே ஓர் இடத்தில் இடறியது. 1973இல் இடுப்பு ஒன்றரை அங்குலம் குறைந்து, அடுத்த வருடம் பழைய அளவுக்கு வந்திருந்தது.

யாரும் போடாத துணிகள். இருந்தும் அக்குளில் நிறம் வெளுத்திருந்தது. மலை ஈரத்துக்குத் துணி அப்படி ஆவதுண்டு. கூடவே இருந்த அப்பாவின் வேட்டியைப் பார்த்தேன். அது வெளுக்கவில்லை.

அம்மா உள்ளே வந்தார். கோபப்படவில்லை. கூடையை இறக்கிவிட்டு என் பக்கத்தில் உட்கார்ந்தார். எழுபத்து மூன்றில் இடுப்பு ஏன் குறைந்தது என்று கேட்டேன். அதைத்தான் கேட்கத் தோன்றியது.

"அந்த வருசம் அவளுக்கு ஒடம்பு சரியில்ல," என்றார்.

"அளவு எப்படிம்மா தெரியும்?"

"பெத்தவளுக்குத் தொட்டாத் தெரியாதா?"

அம்மா தாளைக் கொண்டுவரச் சொன்னார். இரண்டு வாங்க முடியாது என்பது அவருக்கும் தெரிந்திருந்தது. ஒன்றே வாங்கலாம், முதலில் அவள் கட்டட்டும், அப்புறம் தங்கச்சிக்குக் கொடுக்கட்டும், ஆனால் அவளைக் கேட்டுவிட்டுத்தான் செய்ய வேண்டும் என்றார்.

மறுநாள் ஞாயிற்றுக்கிழமை. மத்தியானம் அம்மாவும் நானும் ஒன்பதாம் நம்பருக்குப் போனோம். கல்யாணத்துக்கு நாங்கள் வைத்த முதல் பாக்கு அதுதான். மூன்று மணிக்கே பனி இறங்கியது. தேயிலைச் செடிகள் முதலில் மேலே மறைந்தன, பிறகு பக்கத்தில். அம்மா நிமிர்ந்து நின்று சாதாரணக் குரலில் பேசினார். தங்கச்சிக்குக் கல்யாணம் என்றார். மாப்பிள்ளை பேர், ஊர், நாள் எல்லாம் சொன்னார். சேலை ஒன்றுதான் வாங்க முடியும் என்றபோது குரல் இறங்கியது.

சற்று நேரம் ஒன்றுமில்லை. பிறகு கீழே சரிவுப் பக்கத்திலிருந்து "அம்மா" என்று வந்தது. இரண்டு தடவை. நானும் கேட்டேன். எதிர் மலையில் யாராவது வேலை செய்திருக்கலாம். ஆனால் ஞாயிற்றுக்கிழமை தோட்டத்தில் வேலை கிடையாது.

"அங்கயே நில்லு," என்றார் அம்மா. "நீ வராத. நான் வரேன்."

தாம்பூலத் தட்டோடு செடிகளுக்கிடையில் இறங்கினார். ஐந்தாறு அடியில் மறைந்துவிட்டார். அவர் பின்னால் போக என்னால் முடியவில்லை. கைக்கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டு நின்றேன். பதினொரு நிமிடம். திரும்பி வந்தபோது தட்டு காலி.

"ஒன்னு போதுமாம்," என்றார்.

கம்போங் ராஜாவில் சிவப்பில் ஒரு கூறை வாங்கினோம். ரவிக்கையைச் செல்லம்மா அத்தை முப்பத்து நான்கு அளவுக்குத் தைத்தார். கல்யாணத்துக்கு முந்தின சாயங்காலம் உள்ளறையில் வாழையிலை போட்டு, சேலையை மடிப்புக் கலையாமல் பலகையில் வைத்து, பூ வைத்து, அம்மா கதவைச் சாத்தினார். கோயிலிலும் லயத்திலும் வேலை இருந்தது. அந்தக் கதவை யாரும் தொடவில்லை.

காலை ஐந்தரைக்கு அம்மா, நவமணி, செல்லம்மா அத்தை, நான் நாலு பேரும் சேர்ந்துதான் திறந்தோம். சேலை பலகையில்தான் இருந்தது. மடிப்பு வேறு. கடைக்காரர் நீளவாக்கில் மடித்திருந்தார். இது வீட்டில் அவிழ்த்து மடிக்கிற மடிப்பு. கீழ்க் கரை ஒரு சாண் உயரத்துக்கு ஈரம். கரையில் ஒரு தேயிலை ஒட்டியிருந்தது.

அடைமழை என்று தொடங்கினார் செல்லம்மா அத்தை. மழை பெய்யவில்லை என்பது நினைவு வந்து நிறுத்திக்கொண்டார். பிறகு நவமணியின் காதில், இதைக் கட்டாதே, என் சேலை ஒன்று இருக்கிறது, அதைக் கட்டிக்கொண்டு போ என்றார். மாப்பிள்ளை வீட்டுக்குத் தெரிந்தால் என்ன ஆகும் என்பதையும் சொன்னார். அவர்கள் ஏற்கனவே கோயிலுக்கு வந்துவிட்டிருந்தார்கள்.

நவமணி அம்மாவைப் பார்த்தாள். அம்மா வற்புறுத்தவில்லை.

"கட்டுனா ரெண்டு பேரும் போவீங்க. கட்டாட்டி ரெண்டு பேரும் இங்கதான்."

நவமணி குனிந்தாள். பிறகு தேயிலையைக் கரையிலிருந்து எடுத்து இலையில் வைத்தாள்.

"ரெண்டு ஊக்கு குடுங்க அத்தை. ரவிக்க லூசா இருக்கும்," என்றாள்.

நான் வெளியே வந்துவிட்டேன். ஏழு மணிக்குத் தாலி கட்டினார் பழனியப்பன். குட்டைக் காம்புச் சாமந்தி நன்றாகவே இருந்தது. சின்னக்கருப்பன் இரண்டு பந்தி பரிமாறிவிட்டு, தன் கோஸையே தனக்குப் போடுகிறார்கள் என்று எல்லாரிடமும் புகார் சொன்னார். நல்ல கல்யாணம் என்றுதான் இன்றும் தோட்டத்தில் பேச்சு.

பந்தியில் நவமணிக்குத் தண்ணீர் ஊற்றும்போது பார்த்தேன். ரவிக்கையில் ஊக்கு இல்லை. தொளதொளப்பும் இல்லை. தோளிலும் இடுப்பிலும் அளவாகப் பிடித்திருந்தது. ஊக்கு எங்கே என்று கேட்டேன்.

"எடுத்துட்டேண்ணே. இறுக்குது," என்றாள்.

மூன்று மணிக்குத் தோட்டத்து லோரி கிளம்பியது. பலகையில் நவமணி மாப்பிள்ளை பக்கம் நெருங்கி உட்கார்ந்து, மறுபக்கம் ஓர் ஆள் இடம் விட்டிருந்தாள். யாரும் அங்கே உட்காரவில்லை. அம்மா அழவில்லை. லோரி வளைவில் மறைந்ததும், ரெண்டு பேரையும் அனுப்பியாச்சு என்று சொல்லிவிட்டு அண்டா கழுவப் போனார்.

அன்றிலிருந்து ஒன்பதாம் நம்பரில் கூப்பாடு வரவில்லை என்று பெண்கள் சொன்னார்கள். அம்மா அதன் பிறகு ரவிக்கை தைக்கவில்லை. கட்டிக் கொடுத்த பெண்ணுக்குப் புருஷன் வீட்டார் துணி எடுத்துக் கொடுப்பார்கள் என்றார். தலை தீபாவளிக்கு நவமணி வந்திருந்தபோது, அடுப்படியில் அவளிடம் அம்மா, அவ நல்லா இருக்காளா என்று கேட்டார். நன்றாக இருக்கிறாள், கொத்தமல்லிப் பாத்தியை அவள்தான் பார்த்துக்கொள்கிறாள் என்று நவமணி உடனே பதில் சொன்னாள். அம்மாவுக்காகச் சொல்கிறாள் என்றுதான் நினைத்தேன். ஆனால் அடுத்த ஒன்பது வருடத்தில் ஒவ்வொரு தடவையும் அந்தக் கேள்வி வந்தது. ஒரு தடவைகூட நவமணி யோசித்துப் பதில் சொல்லி நான் பார்க்கவில்லை.

இந்த மார்ச்சில் அம்மாவை ஆஸ்பத்திரியில் சேர்த்தோம். நெஞ்சில் நீர். மூன்றாம் நாள் மத்தியானம் கண் விழித்தார். கட்டிலுக்கு ஒரு பக்கம் நான், மறுபக்கம் நவமணி. எங்கள் இருவரையும் பார்த்தார். பிறகு எங்களுக்கு இடையில் பார்த்தார்.

"மூத்தவ வரலியா?"

"வந்திருக்காம்மா. வெளிய நிக்கறா," என்றாள் நவமணி.

"பனியில ஏன் நிக்க வைக்கறீங்க? உள்ள வரச் சொல்லு."

நவமணி எழுந்து போய்க் கதவைத் திறந்தாள். நடைபாதையில் யாரும் இல்லை. நான் பார்த்தேன். அவள் சற்று ஒதுங்கி, ஓர் ஆள் நுழைந்து போகும் நேரம் கதவைப் பிடித்துக்கொண்டு நின்றாள். பிறகு சத்தம் வராமல் சாத்தினாள்.