ஓடைக்கு இந்தப் பக்கத்து மதில்

ஆறாம் வகுப்பு அரையாண்டு விடுமுறைக்குத் தேவாரத்தில் இருந்த மாமா வீட்டுக்குப் போனேன். பையில் பள்ளி நூலகத்துப் புத்தகம் ஒன்று இருந்தது. பழைய நகரங்களைப் பற்றியது. போடியில் பஸ் ஏறியதும் விரித்தவள், சிலமலையும் ராசிங்காபுரமும் கடந்துபோனதைக்கூடக் கவனிக்கவில்லை. உஜ்ஜயினி என்ற நகரத்தின் முதல் மதிலைப் பற்றிய பக்கத்தை மூன்று முறை படித்துவிட்டேன். மதில் என்றால் கருங்கல் என்றுதான் அதுவரை நினைத்திருந்தேன். ஆனால் அந்த நகரத்து மக்கள் முதன்முதலில் எழுப்பியது வெறும் மண் மேடாம்.

மாமா அம்மாவின் தம்பி. மலையடிவாரத்தில் கொஞ்ச நிலம் வைத்திருந்தார். அந்த வருடம் மக்காச்சோளம் போட்டு, கருது முற்றி நின்றது. போன வருடம் இதே நேரத்தில் யானை புகுந்து வெள்ளாமையை அழித்துவிட்டது. அதனால் மாமா ஆறு மாதம் ஏலத்தோட்டத்து வேலைக்கு மலையேறிப் போனார். அத்தை தனியாகக் கிடந்தார். இந்த வருடமும் வெள்ளாமை போனால் இரண்டு பேருமே நிலத்தைப் போட்டுவிட்டு மலையேற வேண்டியதுதான் என்று பேசிக்கொண்டார்கள்.

யானை வரும் வழி ஒன்றுதான். நிலத்தின் மேற்கே ஒரு பக்கம் பெரிய பாறை, இன்னொரு பக்கம் ஆழமான ஓடை. நடுவில் இருபது தப்படி அளவுக்குத் திறந்து கிடந்தது. சாப்பிடும்போது நான் என் புத்தகப் பெருமையை அளந்துகொண்டிருந்தேன். உஜ்ஜயினிக்கும் ஒரு பக்கம் ஆறு, மற்ற பக்கம்தான் மதிலும் அகழியும் என்று சொன்னதும், அத்தை சோற்றிலிருந்து கையை எடுத்தார்.

"அம்புட்டு மண்ண எங்கருந்து கொண்டாந்தாங்க பாப்பா?"

"தோண்டுன எடத்துலருந்தே அத்தை. அகழி வெட்டி, அந்த மண்ணையே உள்பக்கமாக் குவிச்சாங்க."

"ஒரு சோலியில ரெண்டு காரியம்" என்றார் அத்தை. மாமா சிரித்தார். அத்தை சிரிக்கவில்லை.

மறுநாள் விடியும்போதே அத்தை கயிறு பிடித்து அளந்து, கோடு போட்டுவிட்டு நின்றார். அத்தை ஒல்லியானவர். ஆனால் மண்வெட்டியைத் தூக்கினால் கை மட்டும் வேறு யாருடையதோ போல இருக்கும். மழை முடிந்த ஈரம் மண்ணில் இருந்தது. மாமாவும் அவருடைய கூட்டாளிகள் இரண்டு பேரும் வெட்ட, அத்தை மண்ணை மேலே ஏற்றிக் கட்டையால் இடித்து இறுக்கினார். ஓடைக்கு அந்தப் பக்கத்துத் தோட்டக்காரம்மாவும் இரண்டு நாள் வந்து கூடை சுமந்தார். அவருடைய வீட்டுக்காரர் ஏலத்தோட்டத்தில் வேலை பார்த்தார். ஞாயிற்றுக்கிழமை மட்டும் இறங்கி வருவார். வாழை போட்டிருந்த அந்தத் தோட்டத்தை அந்த அம்மாதான் ஒற்றையாளாகப் பார்த்துக்கொண்டார்.

ஆறாம் நாள் பள்ளம் ஆள் உயரத்துக்கு இறங்கியிருந்தது. அதன் பின்னால் மண் மேடு என் தலைக்கு மேலே நின்றது. அவ்வளவு அழகான ஒன்றை நான் அதற்கு முன் பார்த்ததில்லை. ராஜா இல்லை, படை இல்லை. கை காய்த்துப்போன ஒரு பெண் சொன்னாள், மதில் எழுந்துவிட்டது.

இரண்டு நாள் கழித்து, விடிந்தும் விடியாத நேரத்தில் அத்தை என்னை உலுக்கினார். "சத்தம் போடாம வா."

வீட்டு மேட்டிலிருந்து பார்த்தோம். ஒற்றை யானை. பள்ளத்தின் விளிம்பில் முன்காலை வைத்துப் பார்த்தது. மண் பொலபொலவென்று உதிர்ந்ததும் காலை இழுத்துக்கொண்டது. தும்பிக்கையைத் தூக்கிக் கருது வாசனையைப் பிடித்தது. நெடுநேரம் அப்படியே நின்றது. பிறகு திரும்பிவிட்டது. நான் கைதட்டிக் குதித்தேன்.

யானை மலைக்குப் போகவில்லை. மேலே, ஓடை பள்ளமில்லாத இடத்தில் இறங்கி, அந்தப் பக்கம் ஏறி, வாழைக்குள் நுழைந்தது. தோட்டக்காரம்மா தகரத்தைத் தட்டிக்கொண்டு கத்துவது கேட்டது. மாமா யானை விரட்டும் வெடியை எடுத்துக்கொண்டு ஓடினார். அவர் சுற்றிப் போய்ச் சேர்வதற்குள் பாதி வாழை சாய்ந்துவிட்டது.

"நம்ம மதிலு ஜெயிச்சிருச்சுல்ல அத்தை?" என்று கேட்டேன். அத்தை என்னைப் பார்த்தார்.

அன்று காலையே மண்வெட்டியைத் தோளில் போட்டுக்கொண்டு ஓடையைத் தாண்டினார்.

"கருது அறுப்பு கெடக்குல்ல?" என்றார் மாமா.

"கெடக்கட்டும். அத அங்குட்டுத் திருப்பிவிட்டது நாமதான? நீங்களும் வெரசா வாங்க."

அந்தப் பக்கம் அடைக்க வேண்டிய இடம் எங்களுடையதைவிட இரண்டு மடங்கு நீளம். விடுமுறையில் மிச்சமிருந்த நாளெல்லாம் அங்கேயே போயிற்று. எனக்கு ஒரே கோபம். நம் மதில் முடிந்த பிறகு அடுத்தவர் தோட்டத்தில் எதற்கு மண் சுமக்க வேண்டும்? அத்தையோ முதல் மதிலுக்குக் காட்டியதைவிட அதிக வேகம் காட்டினார். தண்ணீர் குடிக்கக்கூட நிற்கவில்லை.

தோட்டக்காரம்மா எங்களைத் திட்டப்போகிறார் என்று முதல் நாள் முழுவதும் பயந்துகொண்டே இருந்தேன். அவர் திட்டவில்லை. மதியம் எங்கள் எல்லோருக்கும் சோறு கொண்டுவந்தார். சாய்ந்துபோன வாழைகளின் தண்டை நறுக்கிப் பொரியல் செய்திருந்தார். "நல்லா தின்னு ஆத்தா, வெட்டுற ஒடம்பு" என்று அத்தையின் தட்டில் மட்டும் மேலும் இரண்டு கரண்டி வைத்தார்.

அத்தை குனிந்த தலை நிமிராமல், ஒவ்வொரு வாயையும் நெடுநேரம் மென்று விழுங்கினார். கண் கலங்கியிருந்தது. அத்தைக்கு வாழைத்தண்டு பிடிக்காது போலிருக்கிறது என்று நினைத்துக்கொண்டு, என் தட்டில் குழம்போடு வந்திருந்த கத்தரிக்காயை எடுத்து அவருக்கு வைத்தேன்.