மஞ்சள் வட்டம் போட்ட ஆற்காட்டு ரூபாய்

தோலில் குறை கண்டுபிடிப்பதுதான் என் பிழைப்பு. ஆம்பூர் பக்கம் தோல் பதனிடும் ஒரு டேனரியில் இருபத்து மூன்று வருஷமாகச் செலக்‌ஷன் மேஸ்திரி. மேசைமேல் தோலை விரிப்பார்கள். ஒரு தடவை தடவி, ஒரு தடவை மடித்து, ஒன்றாம் தரமா நான்காம் தரமா என்று சொல்லிவிடுவேன். உண்ணி கடித்த தழும்பு, முள் கிழித்த கோடு, உரிக்கும்போது கத்தி பட்ட இடம், எதுவும் என்னிடம் தப்பாது. வெளிநாட்டுக் கம்பெனிக்காக வாங்க வருகிற ஆள், நான் அடுக்கிய அடுக்கில் நாலைந்தைப் புரட்டிப் பார்த்துவிட்டுப் பேசாமல் கையெழுத்துப் போட்டுப் போவார். பெருமைக்காகத்தான் சொல்கிறேன். பெருமைப்பட ஒரு விஷயம் இருக்கும்போது அடக்கம் எதற்கு?

காசு வாங்கும் பழக்கம் நாலு வருஷமாகத்தான். ஒருநாள் சாப்பாட்டு நேரத்தில் போனில் படங்களைத் தள்ளிக்கொண்டிருந்தபோது, ஆன்லைன் ஏலத்தில் ஒரு வெள்ளிக் காசின் படம் வந்தது. கீழே ஆற்காடு ரூபாய் என்று போட்டிருந்தது. எங்கள் பேரணாம்பட்டிலிருந்து பஸ் ஏறினால் வேலூர் தாண்டி வருகிற அதே ஆற்காடு. அந்த ஊர்ப் பெயரைப் போட்டு ஒரு காலத்தில் இங்கிலீஷ்காரனும் பிரெஞ்சுக்காரனும் போட்டி போட்டு ரூபாய் அடித்திருக்கிறார்கள். பேக்கிங் செக்‌ஷனில் இருக்கும் என் தோஸ்திடம் போனை நீட்டினேன். வீட்டில் உருது பேசுகிறவர். நான் அவரை பாய் என்பேன், அவர் என்னை மேஸ்திரி என்பார். காசில் இருந்த பாரசீக எழுத்தைப் பெரிதாக்கி, உதட்டை அசைத்து அசைத்துப் படித்தார்.

"அர்காட்னுதான் போட்டிருக்கு மேஸ்திரி. நம்ம ஊரு."

எனக்கு உடம்பு சிலிர்த்துவிட்டது. பிரியாணிக்கும் செருப்புக்கும்தான் எங்கள் பக்கத்தை ஊர் உலகத்துக்குத் தெரியும் என்று நினைத்திருந்தேன். வெள்ளியிலேயே பெயர் அடித்திருக்கிறான் என்றால் சும்மாவா? குறையில்லாத ஒரு ஆற்காட்டு ரூபாய் என் வீட்டில் இருந்தே தீரவேண்டும் என்று அன்றே முடிவு கட்டினேன்.

ஆனால் ஆழம் தெரியாமல் காலை விடுகிற ஆள் இல்லை நான். முதலில் சின்னச் சின்னச் செப்புக் காசுகளாக வாங்கி, ஏலக் கம்பெனிகளைத் தரம் பிரித்தேன். ஒரு கம்பெனியில் கமிஷன் நூற்றுக்குப் பத்துதான். சந்தோஷமாக நூற்றைம்பது ரூபாய்க்கு ஒரு செப்புக் காசு எடுத்தால், கூரியருக்கும் இன்ஷூரன்சுக்கும் மட்டுமே இருநூற்றைம்பது என்று பில் வந்தது. சுண்டைக்காய் கால் பணம், சுமைகூலி முக்கால் பணம். அங்கேதான் நான் ஒரு கூத்தும் அடித்தேன். தோல் வியாபாரத்தில் விலை படிவது பாதி வேலைதான். சரக்கு இறங்கினதும் வாங்கினவன் பிரித்துப் பார்த்து, இத்தனை தோல் தரம் கம்மி என்று படிந்த விலையில் கழிப்பான். கொடுக்கிறவனும் அதை மனதில் வைத்துத்தான் விலையே சொல்லியிருப்பான். அந்தப் பழக்கத்தில் ஏலம் ஜெயித்ததும் அந்தக் கம்பெனிக்கு போன் போட்டு, "சரி, முடிவா எவ்ளோ கழிப்பீங்க?" என்று கேட்டேன்.

"சார், ஏலம் முடிஞ்சிடுச்சு சார்" என்றாள் பேசிய பெண்.

"அது தெரியும்மா. இனிமேதானே நாம பேசணும்?"

அவள் சிரித்த சிரிப்பு காதில் இன்னும் இருக்கிறது. எனக்குக் கோபம் வந்து போனை வைத்துவிட்டேன்.

இரண்டாவது கம்பெனி கமிஷனே கிடையாது என்று தண்டோரா போட்டது. படங்கள் எல்லாம் மூடுபனியில் எடுத்த மாதிரி மங்கல். வந்த காசோ புளி போட்டுத் தேய்த்த குத்துவிளக்காக மின்னியது. பழங்காசுக்கு அதன் கறுப்புதான் அழகு, அதைச் சுரண்டி எடுத்துவிட்டால் பாதி விலைகூடப் போகாது. கமிஷன் எங்கே போயிற்று என்று பார்த்தால், ஆரம்ப விலையிலேயே ஒளிந்துகொண்டிருந்தது. மூன்றாவது கம்பெனி நூற்றுக்கு இருபது கேட்டது, அந்தக் கமிஷன்மேல் வரி வேறு. முதலில் பகல் கொள்ளை என்று திட்டினேன். ஆனால் அவர்கள் காசின் இரண்டு பக்கத்தையும் விளிம்பையும் படம் போட்டார்கள், எடை போட்டார்கள், சொன்னபடி இல்லை என்றால் ஏழு நாளில் திருப்பலாம் என்று எழுத்திலும் போட்டிருந்தார்கள். வாங்கிப் பார்த்த மூன்று காசும் சொன்ன மாதிரியே வந்தன. ஜாஸ்தி வாங்குகிறவனிடம் நாளைக்குச் சட்டையைப் பிடித்துக் கேட்கலாம், சும்மா கொடுக்கிறேன் என்கிறவனிடம் என்ன கேட்பது? இருபதே இருக்கட்டும் என்று அங்கேயே ஒட்டிக்கொண்டேன்.

போன வருஷம் அங்கே ஒரு ஆற்காட்டு ரூபாய் ஏலத்துக்கு வந்தது. என் போனஸ் கையில் இருந்தது. வீட்டுக்காரியிடம் சொன்னேன். அவள் வீட்டிலேயே ஷூவின் மேல்பாகத் தோலைக் கையால் தைக்கிறவள், ஒரு தையலும் ஏறுக்கு மாறாகப் போகாது. ஊசியை நிறுத்தாமலே பேசினாள்.

"உன் போனஸ், நீ வாங்கு. ஆனா ஒரு தடவ ஏமாந்தேன்னு வை, அத்தோட அந்த ஏலத்த போன்லருந்து எடுத்துடணும். அப்பறம் காசு கீசுன்னு இந்த வூட்ல பேச்சே இருக்கக்கூடாது."

"என் கண்ணு ஏமாறுமா?"

"ஏமாறாதில்ல? அப்ப ஒத்துக்கறதுல உனக்கு இன்னாய்யா பேஜாரு?"

ஒத்துக்கொண்டேன். எட்டாயிரத்துக்குமேல் போகக்கூடாது என்று வைத்து, கமிஷன், அதன்மேல் வரி, கூரியர் எல்லாவற்றையும் கழித்துப் பார்த்தால் ஆறாயிரத்து இருநூறு வரை கேட்கலாம் என்று வந்தது. ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் ஆறாயிரத்தில் காசு என்னுடையதாயிற்று.

வியாழக்கிழமை பார்சல் வந்ததும் காசை டேனரிக்கே கொண்டுபோனேன். நாலு பேர் பார்க்காமல் என்ன பெருமை? செலக்‌ஷன் மேசைக்குப் பக்கத்து ஜன்னலில் வெளிச்சம் சாய்வாக விழும். பாயும் மற்றவர்களும் சுற்றி நிற்க, காசை அந்த வெளிச்சத்தில் மெதுவாகத் திருப்பினேன். மேல் விளிம்பை ஒட்டி மிளகு அளவுக்கு ஒரு வட்டம் மட்டும் வேறு மாதிரி மினுங்கியது. நகத்தால் தடவினேன், தட்டியது. யாரோ கழுத்தில் போட்டுக்கொள்ள ஓட்டை போட்டிருக்கிறார்கள், பிறகு யாரோ வெள்ளி வைத்து அடைத்து மழுப்பியிருக்கிறார்கள். தோலில் தழும்பை பேஸ்ட் வைத்து அடைத்து, மேலே சாயம் அடித்து ஏமாற்றுகிறவர்களை எத்தனை பேரைப் பார்த்திருக்கிறேன்!

அடுத்து நான் செய்ததை நான் செய்தேன் என்று சொல்ல முடியாது, கை செய்தது. குறை கண்ட இடத்தில் வட்டம் போடுவது இருபத்து மூன்று வருஷப் பழக்கம். பாக்கெட்டிலிருந்த மஞ்சள் மெழுகு பென்சிலை எடுத்து அந்த இடத்தைச் சுற்றி வட்டம் போட்டுவிட்டேன்.

"மேஸ்திரி! காசு மேல போய் போட்றியே!" என்று பாய் கத்தும்போது வட்டம் மூடிவிட்டது.

பிறகு அவரும் குனிந்து பார்த்தார். "எழுத்தும் அங்க வந்து அப்படியே நின்னுடுது பாரு. ஓட்டையோட போயிருக்கு" என்றார்.

வட்டத்தோடு படம் எடுத்து, ஓட்டை அடைத்த காசைக் குறையில்லாதது என்று விற்றிருக்கிறீர்கள் என்று கம்பெனிக்கு எழுதினேன். மறுநாள் பதில் வந்தது: நாணயத்தின்மீது வாங்கியவர் வண்ணம் தீட்டியுள்ளார், அனுப்பிய நிலையில் இல்லாததால் திரும்பப் பெற இயலாது. எனக்குக் கோபம் தலைக்கு ஏறிவிட்டது. குறையை மறைத்தவன் நல்லவன், காட்டினவன் குற்றவாளியா?

"துணியால தொடச்சா போயிடும். தொடச்சுட்டு அனுப்பு, வேலைய பாரு" என்றார் பாய்.

மாட்டேன் என்றேன். எங்கள் டேனரியில் ஒரு வழக்கம் உண்டு. வாங்குகிறவன் போட்ட வட்டத்தை வாங்குகிறவனே துடைத்தால், குறையே இல்லை, நான்தான் தப்பாகப் பார்த்தேன் என்று அர்த்தம். விற்கிறவன் பார்த்துவிட்டுத் தன் கையால் துடைத்தால், குறையை ஒத்துக்கொண்டான் என்று அர்த்தம். அந்த வட்டத்தை நான் துடைத்தால் இத்தனை வருஷம் மேசையில் நின்றதற்கே அர்த்தம் இல்லை. ஏழு நாளில் ஐந்து நாள் பாக்கி இருந்தது. வீட்டில் டேனரி வேலை என்று பொய் சொல்லிவிட்டு, லீவு போட்டு, காலை ரயிலில் சென்னைக்கே போய்விட்டேன்.

ஏசி போட்ட சின்ன ஆபீஸ். கையுறை போட்ட அதிகாரி ஒருவர் காசை மெத்துத் துணியில் வைத்து, மேலேயிருந்து விளக்கைப் போட்டு, ஒன்றும் தெரியவில்லையே என்றார்.

"சார், லைட்ட மேசை மட்டத்துக்கு எறக்குங்க. இப்ப காச அரை வட்டம் திருப்புங்க."

திருப்பினார். மஞ்சள் வட்டத்துக்குள் மிளகு அளவுக்கு ஒரு நிழல் எழுந்தது. அவர் உள்ளே போய், கம்பெனியின் பெரியவரைக் கூட்டிவந்தார். பெரியவர் லென்ஸ் வைத்து வெகுநேரம் பார்த்தார்.

"நீங்க காசு டீலருங்களா?"

"இல்லைங்க. தோல் செலக்‌ஷன்."

அவர் ஒரு மெத்துத் துணியை எடுத்து, என் மஞ்சள் வட்டத்தைத் தன் கையாலேயே மெல்லத் துடைத்தார். எங்கள் வழக்கம் அந்த ஆபீசில் ஒருவருக்கும் தெரியாது. எனக்கு மட்டும் நெஞ்சு நிமிர்ந்துவிட்டது. ஏல விலை, கமிஷன், வரி, கூரியர் எல்லாம் திரும்பி வரும் என்றார். இனி இதை ஓட்டை அடைத்த காசு என்று எழுதித்தான் ஏலத்துக்கு விடுவோம் என்றும் சொன்னார்.

திரும்பும் ரயிலில் வெற்றிக் களிப்போடு பழைய ஏலப் படத்தை எடுத்துப் பார்த்தேன். பெரிதாக்கினேன். ஓட்டை அடைத்த இடம் அங்கேயே தெரிந்தது. மங்கலாகத்தான், ஆனால் தெரிந்தது. எழுத்து நின்ற இடமும் தெரிந்தது. ஊர்ப் பெயரைப் பார்த்த மயக்கத்தில் நான் குறையைத் தேடவே இல்லை. வாணியம்பாடி ஆள் ஒருவர் பக்கத்தில் உட்கார்ந்து என்னென்னவோ பேசிக்கொண்டு வந்தார், ஒன்றும் காதில் ஏறவில்லை.

வீட்டில் பொய்யை ஒத்துக்கொண்டு, சென்னையில் நடந்ததைக் கொஞ்சம் ஏற்றியே சொன்னேன். அவள் கேட்டு முடித்து நூலைக் கடித்தாள்.

"எல்லாம் சரி. வாங்கறதுக்கு முன்னாடி படத்துல அது தெரிஞ்சுதா இல்லையா?"

தெரியாது என்று சொல்லியிருக்கலாம். பணம் முழுக்கத் திரும்பி வரப்போகிறது, யார் கேட்கப்போகிறார்கள்? ஆனால் குறையைக் குறை என்று சொல்லாதவன் செலக்‌ஷன் மேசையில் நிற்கக் கூடாது.

"தெரிஞ்சுது. என் கண்ணுலதான் தப்பிடுச்சு" என்று சொல்லி போனை நீட்டினேன். "ஏலத்த நீயே எடுத்துடு."

அவள் போனை வாங்கினாள். ஏலத்தை எடுக்கவில்லை. அந்தக் காசின் படத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"இன்னாத்துக்கு ஓட்ட போட்டாங்க?"

"யாரோ ஒரு பொம்பள கழுத்துல கட்டிக்கத்தான்."

"அது குறையா?"

"தரத்துல குறைதான்."

"இருக்கட்டும். இனிமே பாக்கறது நீ பாரு. ஏலம் கேக்கறதா வேணாமான்னு நான் சொல்றேன்" என்று போனைத் தன் பக்கத்திலேயே வைத்துக்கொண்டாள்.

இரண்டு மாதம் கழித்து அதே காசு ஆயிரம் ரூபாய் ஆரம்ப விலையில் ஏலத்துக்கு வந்தது. அடைத்த துளை உண்டு என்று முதல் வரியிலேயே போட்டிருந்தார்கள். அவள் தைத்துச் சம்பாதித்த பணம், அவள் கணக்கு. "கமிஷன் இருபது, அதும்மேல வரி, கூரியரு. எல்லாம் சேத்து ரெண்டாயிரத்துக்குள்ள முடியணும்" என்று எனக்கே பாடம் சொன்னாள். ஆயிரத்து நானூறு ரூபாய்க்கு எடுத்தாள். கடைத்தெரு ஆசாரியிடம் கொடுத்து, காசில் கைவைக்காமல் சுற்றிலும் ஒரு வெள்ளிப் பட்டை கட்டவைத்து, கறுப்புக் கயிற்றில் கோத்துக்கொண்டாள்.

பள்ளிகொண்டாவில் ஒரு கல்யாணம். பந்தியில் எதிரே உட்கார்ந்த உறவுக்காரர் அடகுக்கடை வைத்திருப்பவர், அவருக்கும் கண் உண்டு. அவள் கயிற்றில் தொங்கிய காசைக் குனிந்து பார்த்துவிட்டு, நாலு பேர் காதில் விழச் சொன்னார்: "அய்யய்ய, இது ஓட்ட அடச்ச காசாச்சே! உங்கள நல்லா ஏமாத்திட்டாங்க."

எனக்கு முகம் சுண்டிப்போயிற்று. இலையைப் பார்த்தேன். அவள் அப்பளத்தை நொறுக்கிக்கொண்டே, காசை இன்னும் கொஞ்சம் வெளியே எடுத்துப் போட்டாள்.

"ஓட்ட அடச்சதுதான். இவரு தெரியாம வாங்கிட்டு, மெட்ராஸ் வரைக்கும் போய் சண்ட போட்டுக் குடுத்துட்டு வந்தாரு. நான் தெரிஞ்சேதான் வாங்கினேன்."