பம்பு போன கார்

எங்கள் வீட்டுக் காருக்குப் பம்பு போய்விட்டது என்று இரண்டு வருடமாகப் பள்ளிக்கூடத்தில் எல்லாரிடமும் சொல்லிக்கொண்டு திரிந்தேன். பம்பு என்றால் என்ன, அது காரில் எங்கே இருக்கிறது, எதுவும் எனக்குத் தெரியாது. அப்பா சொன்ன சொல் அது. கார் இல்லாத வீட்டுப் பிள்ளைகளால் அப்படி ஒன்றைச் சொல்ல முடியாது அல்லவா?

தக்கலையிலிருந்து உள்ளே பிரியும் ரோட்டில், ஒரு ரப்பர் தோட்டத்தை ஒட்டி இருந்தது வீடு. அப்பாவுக்குக் கல்ஃபில் கம்பெனி வேன் ஓட்டும் வேலை. அம்மா ஊர்ப் பள்ளிக்கூடத்தில் கணக்கு டீச்சர். இரண்டு வருடத்துக்கு ஒருமுறை இரண்டு மாத லீவில் அப்பா வருவார். கார் அந்த இரண்டு மாதத்துக்கானது. மற்ற நாளெல்லாம் ஷெட்டில் தார்ப்பாய்க்குக் கீழே கிடக்கும்.

முந்தின லீவின் கடைசி வாரத்தில், கூடப் படித்த கூட்டுக்காரர் ஒருவர் வீட்டுக் கல்யாணத்துக்கு அப்பா தம்பியையும் கூட்டிக்கொண்டு போனார். திரும்பி வரும் வழியில் கார் ஒரு கலுங்குப் பாலத்தின் சுவரில் மோதிவிட்டது. ஆடு குறுக்கே வந்ததாம். தம்பிக்கு நெற்றியில் நாலு தையல். அன்று அப்பாவின் மூச்சில்கூட ஸ்பிரிட் வாசனை அடித்தது, ஆஸ்பத்திரியில் ஒட்டிக்கொண்டது என்று நினைத்தேன். அந்த ஆடு யார் வீட்டு ஆடு என்று கண்டுபிடிக்க நான் ஒரு வாரம் தெருத்தெருவாக விசாரித்தேன். மோதிய மறுநாள் காலையில் கார் கிளம்பவில்லை. அப்பா உள்ளே உட்கார்ந்து கொஞ்ச நேரம் பார்த்தார். பிறகு இறங்கி, பம்பு போச்சு என்று மட்டும் சொன்னார். நாலு நாள் கழித்து வாடகைக் காரில் ஏர்போர்ட்டுக்குப் போனார்.

அடுத்த லீவு கிறிஸ்மஸுக்கு என்று முடிவானதும், காரைச் சரிசெய்து வைக்கச் சொல்லி அப்பா நேராக மாமாவுக்கே போன் பண்ணிவிட்டார். மாமா அம்மாவின் தம்பி. மார்த்தாண்டத்தில் ஒர்க்ஷாப் வைத்திருந்தார். எங்களுக்குக் காலாண்டு லீவு. ஒரு சனிக்கிழமை காலையில் புது பாட்டரியும் ஒரு கேன் பெட்ரோலுமாக வந்து இறங்கினார்.

“சும்மா கெடக்கட்டும்லே. பழைய வண்டியில்லா” என்றாள் அம்மா.

“அத்தான் சொல்லியிருக்காவக்கா” என்று மாமா தார்ப்பாயை இழுத்தார். உள்ளேயிருந்து இரண்டு ஓணான்கள் ஓடின.

பாட்டரியை மாட்டிவிட்டு, சாவி திருப்ப ஆள் வேண்டுமென்று அம்மாவை டிரைவர் சீட்டில் உட்காரவைத்தார். அம்மா அந்த சீட்டில் உட்கார்ந்து நான் பார்த்தது அதுதான் முதல் தடவை. திருப்பினாள். எஞ்சின் சுற்றியது, பிடிக்கவில்லை. இன்னொரு தடவை. அப்போதும் இல்லை. மாமா பெட்ரோல் மூடியைத் திறந்து மோந்து பார்த்து முகத்தைச் சுளித்தார். குழாய் விட்டு டேங்கில் இருந்ததையெல்லாம் ஒரு வாளியில் இறக்கினார். கடுஞ்சாயா நிறத்தில், பெயிண்ட் கடை வாசனையோடு வந்தது. “ரெண்டு வருசம் கெடந்தா பெட்ரோலும் கெட்டுப்போவும், கேட்டியா” என்று எனக்குச் சொன்னார். ஃபில்டரைக் கழற்றினார், அதிலிருந்து பிசின்போல ஏதோ ஒழுகியது. புது ஃபில்டர் போட்டு, கேனில் கொண்டுவந்த பெட்ரோலை ஊற்றினார். வெயில் ஏறிவிட்டது. அம்மா திருப்பினாள். சுற்றியது. பிடிக்கவில்லை.

ஒவ்வொரு தடவையும் மாமாவின் முகம் வாடியது. அம்மா மட்டும் எங்களைப் பரீட்சைக்கு உட்கார்த்திவிட்டு மேஜையில் இருப்பதுபோல நிதானமாக இருந்தாள். அந்தப் பொறுமையைப் பார்த்து எனக்குப் பெருமையாக இருந்தது.

“சவம், மொதல்லயே காத வச்சுக் கேட்டிருக்கணும்” என்று மாமா பின் சீட்டைத் தூக்கி, டேங்க் பக்கம் தலையைச் சாய்த்தார். “அக்கா, சாவிய பாதி மட்டும் திருப்பு. பம்பு ஒரு மூளல் மூளும்.”

அம்மா திருப்பினாள். நானும் தம்பியும் மூச்சைப் பிடித்துக்கொண்டு நின்றோம். ரப்பர் காட்டில் ஏதோ ஒரு பறவை கத்தியதுதான் கேட்டது.

“கரண்டு வரல்ல” என்று சொல்லிக்கொண்டே மாமா முன்னால் வந்து, ஸ்டியரிங்குக்குக் கீழே குனிந்தார். அங்கே ஒரு சின்ன மூடி. அம்மா முழங்காலை ஒதுக்கிக்கொடுத்தாள். மாமா மூடியைத் திறந்தார். உள்ளே வரிசையில் ஓர் இடம் மட்டும் பல் விழுந்ததுபோலக் காலியாக இருந்தது. குனிந்தபடியே அம்மாவை நிமிர்ந்து பார்த்தார். அம்மா கண்ணாடி வழியாக நேரே ஷெட்டுச் சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

“எப்பக்கா?”

“தையல் போட்ட அன்னைக்கு.”

“இதுதான்னு எப்பிடித் தெரிஞ்சு?”

“வண்டி புக்குல படம் போட்டிருக்குல்லா.”

மாமாவுக்குச் சிரிப்பு வந்ததுபோல இருந்தது. ஆனால் சிரிக்கவில்லை. “அத்தான் இதத் தொறந்து பாக்கலியா? அவிய டிரைவர்லா?”

“பாத்தாவ. மூடி வச்சுட்டு எறங்கி, பம்பு போச்சுன்னாவ.”

மாமா அந்த மூடியை மெதுவாக அடைத்தார். “வேண்டாம்னா சொல்லுக்கா. பம்பு கெடைக்கல்லன்னு நானும் சொல்லிருகேன்” என்றார் மாமா.

அம்மா இறங்கி வீட்டுக்குள் போனாள். தையல் மெஷினின் இழுப்பறை திறந்து மூடும் சத்தம் கேட்டது. திரும்பி வந்து, நகக்கண் அளவு நீலத் துண்டு ஒன்றை மாமாவின் உள்ளங்கையில் வைத்தாள். ஃபியூஸ். பம்பு என்றால் இதுதானாக்கும் என்று நினைத்துக்கொண்டேன். இவ்வளவு சின்னச் சாமானைத் தொலைத்துவிட்டு இரண்டு வருடம் தேடாமல் இருந்தார்களே!

“மாட்டு” என்றாள். “ஆனா எனக்கு ஓட்டப் படிப்பிச்சுத் தரணும்.”

மாமா மாட்டினார். அம்மா சாவியைத் திருப்பியதும் பின்னாலிருந்து வண்டு போல ஒரு மூளல் வந்து நின்றது. அடுத்த திருப்பில் கார் இருமியது. அதற்கடுத்ததில் உடம்பெல்லாம் குலுங்கி, வெள்ளைப் புகை கக்கி, ஓட ஆரம்பித்தது. தம்பி புகைக்குள் குதித்து ஆடினான். மாமா அம்மாவிடம் இறங்கச் சொன்னார். அவள் ஸ்டியரிங்கை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு, “இப்பமே சொல்லித் தா” என்றாள்.

அதன்பிறகு ஞாயிற்றுக்கிழமை தவிர தினமும் விடியற்காலையில் மாமா வந்தார். கால்வாயை ஒட்டிய சானல் கரை ரோட்டில் அம்மா ஓட்டினாள். ஒரு வாழைத்தோட்டத்து வேலியைச் சாய்த்தாள், கண்டபடி பேச்சும் வாங்கினாள். டிசம்பர் தொடக்கத்தில் லைசன்ஸும் வாங்கிவிட்டாள். அப்பாவுக்குச் சொல்லக்கூடாது என்று எங்களிடம் சத்தியம் வாங்கியிருந்தாள். அப்பாவுக்கு ஓர் இன்ப அதிர்ச்சி கொடுக்கப்போகிறாள் என்று நான் நம்பினேன்.

திருவனந்தபுரம் ஏர்போர்ட்டில் அப்பா எங்கள் இரண்டு பேரையும் சேர்த்துத் தூக்கினார். காரைச் சுற்றிவந்து தடவிப் பார்த்தார். பிறகு டிரைவர் பக்கக் கதவருகில் நின்று சாவிக்குக் கை நீட்டினார்.

“களைச்சு வந்திருக்கிய. பிள்ளையளோட பின்னால இரிங்க” என்றாள் அம்மா.

அப்பா மாமாவைப் பார்த்தார். மாமா கார் கூரைமேல் பெட்டியைக் கட்டிக்கொண்டிருந்தார். ஏற்கெனவே கட்டிய முடிச்சின் மேலேயே இன்னொரு முடிச்சாகப் போட்டுக்கொண்டிருந்தார். நீட்டிய கையை அப்பா மெதுவாக மடக்கிக்கொண்டார். பின் கதவைத் திறந்து எங்களுக்கு நடுவில் வந்து உட்கார்ந்தார். களியக்காவிளை தாண்டும்வரை அம்மா கியர் மாற்றும் கையையே பார்த்துக்கொண்டு வந்தார்.

அந்த லீவில் நாங்கள் போகாத இடமில்லை. சாயங்காலம் கூட்டுக்காரர்கள் அப்பாவைக் கூப்பிட வந்தால், அம்மா சாவியோடு எழுந்து, “எங்க போணும்? நான் கொண்டு விடுகேன்” என்பாள். சில நாளில் அவர்கள் வருவது நின்றது. அப்பா அந்த இரண்டு மாதமும் ஸ்டியரிங்கைத் தொடவில்லை.

ஏன் அப்பா ஓட்டவே மாட்டேன் என்கிறார் என்று தம்பி ஒருநாள் கேட்டான். வருடம் முழுக்க அங்கே வேன் ஓட்டி ஓட்டி அப்பாவுக்கு அலுத்துப்போயிருக்கும், பாவம், அதனால்தான் அம்மா ஓட்டக் கற்றுக்கொண்டாள் என்று அக்கா என்ற தோரணையில் விளக்கினேன். அவன் தலையாட்டினான். எனக்கும் அது மிகச் சரியான பதிலாகவே பட்டது.