துவக்குக்கு ஒரு பூட்டு

கொள்கைப் பிடிப்பால்தான் நான் தேர்தல் வேலைக்குப் போனேன் என்று யாராவது நினைத்தால் அது பெரிய பொய். பக்கத்து வீட்டு அம்மா கேட்டார், போனேன். அவர்தான் வேட்பாளர். பள்ளிக்கூட அதிபராக இருந்து ஓய்வு பெற்றவர். பனிக்காலத்தில் எங்கள் கார் பற்றரி இறங்கிப்போன காலைகளில் அலுத்துக்கொள்ளாமல் கேபிளோடு வந்து நிற்பவர். அப்படிப்பட்ட மனுசி வேலிக்கு மேலால் எட்டிப்பார்த்து, "உங்கள் ஆட்களின் மொழியில் எனக்கு ஒரு நோட்டீஸ் எழுதித் தருவீர்களா?" என்று கேட்டால் முடியாது என்று சொல்ல எனக்கு என்ன விசரா?

எண்பதுகளின் கடைசிப் பகுதி அது, கனடாவில். எங்கள் தொகுதி ஒரு விசித்திரமான தொகுதி. தெற்கு முனையில் அப்பார்ட்மென்ற் கட்டடங்கள், அவற்றில் ஊரிலிருந்து புதிதாக வந்திறங்கிய எங்கள் சனம். நடுவில் மார்க்கம், யூனியன்வில் என்ற ஊர்களும், புல்வெளி வைத்த தனிவீடுகளும். இன்னும் வடக்கே போனால் சோளக்காடும் மாட்டுப் பண்ணையும். அந்தப் பண்ணை வீடுகளில் மான் சுடுகிற துவக்கு இல்லாத வீடு குறைவு. தேர்தலோ நவம்பரில். மான் வேட்டையும் நவம்பரில். வடக்கில் எங்களுக்கு வேலை செய்ய வந்த தொண்டர்களில் பாதிப் பேர் ஒரு வாரம் காட்டுக்குள் போய்விட்டார்கள் என்றால் பாருங்கள்.

இந்தத் தொகுதியில் நின்றுகொண்டு அந்த அம்மா என்ன கேட்டார் தெரியுமா? வீட்டில் துவக்கு வைத்திருக்கிறவர்கள் அதைப் பூட்டி வைக்கவேண்டும், தோட்டாவை வேறு இடத்தில் பூட்டவேண்டும், இதற்குச் சட்டம் வேண்டும் என்றார். அவருடைய பள்ளிக்கூடத்தில் படித்த ஒரு சிறுமி, தகப்பனின் அலுமாரியில் சாத்தி வைத்திருந்த துவக்கால் செத்துப்போனாள். தம்பியோடு ஒளித்துப் பிடித்து விளையாடும்போது நடந்தது. செத்தவீட்டில் அந்தத் தாயின் கையைப் பிடித்து, "இதற்கு ஏதாவது செய்வேன்" என்று இவர் சொல்லிவிட்டார். சொன்னதற்காகவே தேர்தலில் நின்றார். வேறு காரணம் இருந்ததாக எனக்குத் தெரியவில்லை.

தேர்தல் வேலைகளை நடத்தியவர் ஒரு மெலிந்த மனுசன். சூட்டுக் கோப்பியும் நகம் கடிப்பதுமாக உயிர் வாழ்ந்தார். அவர் கெட்டவர் இல்லை. கணக்குத் தெரிந்தவர். "துவக்கைப் பற்றி இப்போது வாயே திறக்காதீர்கள். வென்று உள்ளே போன பிறகு என்ன வேண்டுமானாலும் பேசுங்கள்" என்று தினமும் சொன்னார். வடக்கின் வோட்டுப் போனால் தொகுதி போச்சு என்பது அவர் வாதம். "பிறகு, பிறகு என்று சொன்னவர்கள் ஒருவரும் பிறகு பேசியதை நான் காணவில்லை" என்பது அம்மாவின் பதில். இருவரும் சொன்னது உண்மை. அதுதான் தொல்லை.

நோட்டீசை நான் ஒரு சனிக்கிழமை சமையலறை மேசையில் வைத்து எழுதினேன். தலைப்பு, "துவக்குகளுக்குக் கட்டுப்பாடு வேண்டும்." என் கணவர் மெட்ராஸ்காரர். எட்டிப் பார்த்துவிட்டு, "எதைத் துவக்கணும்? துவக்கறதுக்கு எதுக்குக் கட்டுப்பாடு?" என்றார். அவர்கள் ஊரில் துவக்கு என்றால் ஆரம்பி என்று அர்த்தமாம். துப்பாக்கி என்று எழுதச் சொன்னார். "துப்பாக்கி எண்டு சொன்னா எங்கட சனம் அதைப் படத்தில வாற சாமான் எண்டு நினைக்கும். நாங்கள் கண்டது துவக்கை, பயந்ததும் துவக்குக்குத்தான். நீங்கள் போய்த் தேத்தண்ணி போடுங்கோ" என்றேன். போட்டுத் தந்தார். சொல் அப்படியே நின்றது.

சொல் சரிதான். ஆனால் சரியான சொல்லே சரியாகப் போய்க் குத்தும் என்று நான் யோசிக்கவில்லை. எங்கள் சனம் சாமான் வாங்குகிற கடையில் நோட்டீசை வைத்த இரண்டாம் நாள், கடைக்கார அண்ணை எனக்கு ரெலிபோன் எடுத்தார். கோபத்தில் அவருடைய குரல் கீச்சிட்டது.

"என்ன தங்கச்சி உது? பெடியளின்ர துவக்கைப் பறிக்கவேணும் எண்டோ உவ கேக்கிறா?"

"எந்தப் பெடியள் அண்ணை?"

"எந்தப் பெடியளோ! ஊரில நிக்கிற எங்கட இயக்கப் பெடியள்தான். அங்கை ஆயுதத்தைக் களையச் சொல்லி ஒரு பக்கத்தால நெருக்கிறாங்கள், இஞ்சை நீங்களும் துவங்கீட்டியளோ?"

எனக்குச் சிரிப்பு வந்தது, கோபமும் வந்தது. மனுசன் தலைப்புக்குக் கீழே ஒரு வரி வாசிக்கவில்லை. அவரை மட்டும் என்ன சொல்வது? அந்த ஆண்டுகளில் துவக்கு என்ற சொல்லைக் கேட்டால் எங்களுக்கு ஒரு துவக்குத்தான் கண்ணில் தெரியும். கனடாக்காரனின் அலுமாரியில் மான் சுடுகிற துவக்கு இருக்கிறது என்று எவருக்குத் தோன்றும்? நான் விளங்கப்படுத்த வாய் திறக்க முன்னர் ரெலிபோனை வைத்துவிட்டார். இரண்டு நாளில் கதை எல்லாக் கட்டடத்துக்கும் ஏறிவிட்டது. வெள்ளைக்கார மனுசி ஒருத்தி எங்கள் போராட்டத்துக்கு எதிராகத் தேர்தல் கேட்கிறாளாம், நோட்டீஸ் எழுதிக் கொடுத்தது நானாம்.

இதில் பகிடி என்னவென்றால், கூவிக் கூவிக் கோபப்பட்டவர்களில் முக்கால்வாசிப் பேருக்கு வோட்டே இல்லை. அகதி வழக்கு முடியவில்லை, குடியுரிமை கிடைக்கவில்லை. இதை அந்த மெலிந்த மனுசனிடம் சொன்னேன். அவர் சிரிக்கவில்லை. "வடக்கிலும் எதிர்ப்பு, தெற்கிலும் எதிர்ப்பு. அடுத்த நோட்டீஸ் திங்கட்கிழமை அச்சுக்குப் போகிறது. துவக்கைப் பற்றிய வரி அதில் இருக்கக்கூடாது" என்று அம்மாவின் முகத்தைப் பார்த்தே சொன்னார். அம்மா முதல் தடவையாக அந்த வரியைத் திரும்ப வாசித்துப் பார்த்தார். அது எனக்குப் பிடிக்கவில்லை. பிறகு என் பக்கம் திரும்பி, "உங்கள் ஆட்களை நேரில் பார்க்கிறேன். அவர்களுக்கும் இது வேண்டாம் என்றால் வெட்டிவிடுகிறேன்" என்றார்.

ஞாயிறு பின்னேரம், கட்டடமொன்றின் கீழ்த்தட்டு ஹோலில் கூட்டம். வோட்டுக்கு வந்தவர்களை விட வேடிக்கைக்கு வந்தவர்கள் அதிகம். அம்மா ஆங்கிலத்தில் பேச, நான் தமிழில் சொன்னேன். துவக்குப் பேச்சு வந்ததும் கடைக்கார அண்ணை எழும்பினார்.

"பெடியளிட்டை இருந்து துவக்கை வாங்கிப்போட்டு ஆமிக்காரனுக்கு முன்னால வெறுங்கையோட நிக்கவோ சொல்லுறியள்? இதை அவவுக்குச் சொல்லுங்கோ!"

எனக்குப் பொறுமை என்றைக்கும் கொஞ்சம்தான். "அண்ணை, உங்கட கடையில புளி வாங்கேக்கை பைக்கற்றில என்ன எழுதியிருக்கெண்டு வாசிச்சுத்தானே வாங்குறம்? நீங்கள் நோட்டீசை வாசிக்கேல்லையோ? இது மான் சுடுற துவக்கு! கனடாக்காரன்ர அலுமாரித் துவக்கு! அவனைப் பூட்டி வைக்கச் சொல்லுறா, அவ்வளவுதான்!" என்றேன். ஹோலில் சிரிப்பு எழும்பியது. அண்ணையும் வெட்கத்தோடு தலையைச் சொறிந்தார். ஆனால் பின்னாலிருந்து ஒருவர், "அப்ப உது வெள்ளைக்காரன்ர பிரச்சினை. எங்களுக்கென்ன?" என்று கேட்டார். பல தலைகள் ஆடின. நான் அதை மொழிபெயர்த்தேன். அம்மா மெல்லத் தலையாட்டிவிட்டுக் கையிலிருந்த தாள்களை அடுக்கத் தொடங்கினார். அந்த வரி போய்விட்டது என்று எனக்குத் தெரிந்துவிட்டது.

அப்போதுதான் சுவரோரம் இருந்த ஒரு அக்கா எழும்பினார். மட்டக்களப்புப் பக்கத்திலிருந்து வந்தவர், தையல் பக்டரியில் வேலை. அதற்கு முதல் அவர் நாலு பேருக்கு நடுவில் பேசி நான் கேட்டதில்லை. அண்ணையையோ பின்னால் கேட்டவரையோ அவர் பார்க்கவில்லை. அம்மாவைப் பார்த்துத்தான் பேசினார்.

"எங்கட ஊட்டுக்கு ஒரு பொடியன் வந்தான். ஒரு சாக்கைத் தந்து, நாளைக்கு வந்து எடுக்கிறன் அம்மா எண்டான். நல்ல பொடியன். ஏலாதெண்டு எப்பிடிச் சொல்லுற? நெல்லு மூட்டைக்குப் பின்னால வச்சன். எண்ட சின்னவன் அதுக்குள்ள இரிந்த துவக்கை எடுத்திட்டான். மூத்தவள் அவனுக்கு முன்னால நிண்டவள்."

அந்தக் காலத்தில், அந்தச் சனத்துக்கு நடுவில், இப்படி ஒரு கதையைச் சொல்ல எவ்வளவு நெஞ்சுரம் வேண்டும் என்று அங்கே இருந்த எல்லோருக்கும் தெரியும். துரோகி என்று பெயர் வாங்க இதில் பாதி போதும்.

"நான் ஆரையும் ஏசல்ல. அந்தப் பொடியனும் பாவம், அடுத்த மாசம் அவனும் செத்துப் போனான். ஒரு பூட்டு இரிந்திருந்தா எண்ட புள்ள இரிப்பாள். இந்த அம்மா பூட்டைத்தானே கேக்கிறா? சொல்லு புள்ள, அவக்கு இதைச் சொல்லு."

சொன்னேன். என் ஆங்கிலம் நல்ல ஆங்கிலம், அதில் எனக்குச் சந்தேகமே இருந்ததில்லை. அன்றைக்கு ஒவ்வொரு வசனத்துக்கும் நின்று நின்றுதான் சொல்ல முடிந்தது. அம்மா கேட்டு முடித்து ஒரே ஒரு கேள்வி கேட்டார்: "பிள்ளையின் பெயர் என்ன?" அக்கா சொன்னார். அம்மா அதைத் திருப்பிச் சொன்னார், பிழையாக. அக்கா திருத்தினார். மறுபடி சொன்னார், சரியாக வந்தது. அந்தப் பெயரை நான் இங்கே எழுதமாட்டேன். அது அக்காவுடையது.

கூட்டம் எப்படிக் கலைந்தது என்று ஞாபகமில்லை. கடைக்கார அண்ணை கதிரைகளை மடித்து அடுக்கினார். அடுத்த நாள் அவருடைய கடையில் மிளகாய்த்தூள் பைக்கற்றுகளுக்குப் பக்கத்தில் எங்கள் நோட்டீஸ் திரும்பவும் இருந்தது. கூட்டம் முடிந்த அன்றே, கார் நிறுத்துமிடத்தில் அம்மா தன் காரின் கதவில் சாய்ந்து கொஞ்ச நேரம் அழுதார். பிறகு மூக்கைத் துடைத்துக்கொண்டு, "அவருக்குச் சொல்லுங்கள், அந்த வரி அப்படியே போகிறது. இன்னும் பெரிய எழுத்தில்" என்றார். மெலிந்த மனுசனுக்கு அந்தச் செய்தியை நான்தான் கொண்டுபோனேன். உண்மையைச் சொன்னால், ரசித்துத்தான் சொன்னேன்.

தோற்றோம். தெற்கும் நடுவும் எங்களோடு நின்றன, வடக்கு எங்களைப் புரட்டிப் போட்டது. மெலிந்த மனுசன் மேசையில் இருந்த கோப்பிக் கோப்பைகளைப் பொறுக்கிக்கொண்டே, "அந்த ஒரு வரி. அது இல்லையென்றால் வென்றிருப்போம்" என்றார். அம்மா மறுக்கவில்லை. "தெரியும்" என்றார். அடுத்த வாரம் என் கார் பற்றரி இறங்கியபோது வழமைபோல கேபிளோடு வந்து நின்றார்.

அந்தப் பனிக்காலத்தில்தான் அக்காவைக் கடையில் கண்டேன். கையில் ஒரு கட்டுக் கீரை. என்னைக் கண்டதும் ஒதுக்குப்புறமாகக் கூட்டிக்கொண்டு போனார்.

"அந்த அம்மா தோத்தது எண்ட கதையாலயோ புள்ள?"

இல்லை என்ற சொல் நாக்கு நுனிவரை வந்தது. ஆனால் இந்த மனுசிக்குப் பொய் சொல்ல எனக்கு மனம் வரவில்லை.

"ஓம் அக்கா, உங்களாலதான். நீங்கள் அண்டைக்கு எழும்பிக் கதைக்காட்டி அவ அந்த வரியை வெட்டியிருப்பா. வெட்டியிருந்தா வெண்டிருப்பா."

அக்கா கீரைக்கட்டை இந்தக் கையிலிருந்து அந்தக் கைக்கு மாற்றினார். முகத்தில் ஒரு கலக்கமும் இல்லை.

"அடுத்த முறையும் கேப்பாவோ?"

"கேப்பா."

"அப்ப எனக்கு வோட்டு இரிக்கும்" என்றார்.