கடைசி வரிசை ஜன்னலோரம்

மூன்று சலவை இயந்திரங்களும் ஓடத் தொடங்கிய பிறகுதான் செல்வலட்சுமி விமானத்தைக் கிளப்புவார். படுக்கை விரிப்புகளுக்கு ஒன்று, துண்டுகளுக்கு ஒன்று, சாப்பாட்டு மேசைத் துணிகளுக்கு ஒன்று. மூன்றும் உறுமத் தொடங்கியதும் வாளியைக் கவிழ்த்துப் போட்டு உட்கார்வார். சீருடைக் கோட்டில் ஈரக் கையைத் துடைத்துவிட்டுக் கைப்பேசியை எடுப்பார். துணி பிழியும் சத்தம் கேட்பதற்குள் விமானம் தரையிறங்கியாக வேண்டும். இறங்காவிட்டால் அதை நடுவானில் அப்படியே விட்டுவிட்டு எழுந்து போவார்.

உள்ளே இருப்பவர்கள் கதி என்ன என்று ஒருமுறை கேட்டேன்.

"அது காலி ஓட்டம் சார். ஆளு ஏத்துனா நான் எந்திரிக்க மாட்டேன்" என்றார்.

சின்னக்கானல் பக்கம் சரிவில் இருக்கும் ஒரு ரிசார்ட்டில் அவருக்குச் சலவை வேலை. வீடு சூரியநெல்லி எஸ்டேட் தொழிலாளர் லயத்தில். கணவர் பெரியமுத்து ஜீப் ஓட்டுநர், சுற்றுலாப் பயணிகளை மலையுச்சிக்குச் சூரிய உதயம் காட்டக் கூட்டிப் போகிறவர். கொரோனாவில் ரிசார்ட் மூடிக் கிடந்தபோது, சும்மா இருக்கப் பிடிக்காமல் செல்வலட்சுமி கைப்பேசியில் இறக்கிய விளையாட்டு இது. இறக்கை, எஞ்சின், சக்கரம் என்று துண்டு துண்டாகக் கொடுத்துவிடுவார்கள். நாமே கோத்து விமானம் கட்ட வேண்டும், நாமே ஓட்டிப் பார்க்க வேண்டும். கட்டியதை இணையத்தில் ஏற்றினால் உலகத்தில் யார் வேண்டுமானாலும் இறக்கி ஓட்டலாம்.

பெரும்பாலானவர்கள் அதில் சோபாவுக்கு ராக்கெட் பொருத்தி விளையாடுகிறார்கள். செல்வலட்சுமிக்கு அவர்கள்மேல் மரியாதை இல்லை. "பறக்குறது யாரு வேணா பண்ணலாம். உள்ள ஒரு மனுசன் உக்காந்து போகணும்ல" என்பார். அவர் கட்டும் விமானத்தில் இருக்கை இருக்கும். இருக்கைக்கு மேலே பெட்டி வைக்கும் இடம் இருக்கும். சாப்பாட்டுத் தள்ளுவண்டி இருக்கும், அது உருளாமல் இருக்கக் கொக்கியும் இருக்கும். வெளியிலிருந்து பார்ப்பவர்களுக்கு இதில் எதுவும் தெரியாது. "எனக்குத் தெரியும்ல" என்பார்.

இத்தனைக்கும் அவர் விமானத்தில் ஏறியதில்லை. ஏறியவர்களைக் கேட்டுத் தெரிந்துகொள்கிறார். நான் அங்கே தங்கிய முதல் நாள், துண்டு கொண்டுவந்து கொடுத்தவர் போகாமல் நின்றார். என் பெட்டியில் தொங்கிய விமான நிலையச் சீட்டைப் பார்த்தார்.

"பிளேன்ல வந்தீகளா சார்?"

"ஆமாம்."

"பாத்ரூம் கதவு உள்ள தொறக்குதா, வெளிய தொறக்குதா?"

எனக்கு நினைவில்லை என்றேன். இவ்வளவு தூரம் வந்தும் இதைக்கூடப் பார்க்காத மனிதன் என்பதுபோல ஒரு பார்வை பார்த்துவிட்டுப் போனார்.

ரிசார்ட்டைப் பற்றி இணையத்தில் ஒரு விருந்தினர், பணியாளர்கள் அன்பானவர்கள், ஒரு பெண் மட்டும் கழிப்பறையைப் பற்றி அதிகம் கேட்டார் என்று எழுதிவிட்டார். வரவேற்பறையைப் பார்த்துக்கொள்ளும் டின்சி அவரைக் கூப்பிட்டு மலையாளம் கலந்த தமிழில் சொன்னார்: "செல்விச்சேச்சி, கெஸ்டுகிட்ட டாய்லெட் விஷயம் மட்டும் கேக்கண்டா, கேட்டோ." செல்வலட்சுமி ஒப்புக்கொண்டார். பிறகு ஜன்னல் திரையைப் பற்றிக் கேட்க ஆரம்பித்தார்.

அவருடைய பெரிய விமானத்தின் பெயர் 'சூரியநெல்லி'. இரண்டு விசிறி வைத்த பழைய காலத்துப் பயணி விமானம். ஒரு மழைக்காலம் முழுவதும் அதைத்தான் கட்டினார். கழிப்பறைக் கதவு முன்புறத்தில் உள்ளே மடங்கும், பின்புறத்தில் வெளியே திறக்கும். இரண்டு விருந்தினர்கள் இரண்டு விதமாகச் சொன்னதால் இரண்டு பேருக்கும் ஒவ்வொன்று வைத்துவிட்டார்.

ஒரே குறை, தரையிறங்கும்போது மூக்கு கவிழ்ந்தது. விமானத்தின் எடை எங்கே கூடுகிறது என்பதை விளையாட்டில் ஒரு சிவப்புப் புள்ளி காட்டும். இறக்கை எங்கே தூக்குகிறது என்பதை நீலப் புள்ளி காட்டும். சிவப்பு கொஞ்சம் முன்னால் இருக்கலாம், ரொம்பவும் முன்னால் போகக் கூடாது. இவருக்கு ரொம்பவும் முன்னால் இருந்தது. வேகமாகப் போகும்போது தெரியவில்லை. இறங்க வேகத்தைக் குறைத்ததும் மூக்கு தொங்கி ஓடுபாதையில் குத்தியது.

பெரியமுத்துவிடம் சொன்னார். விமானம் ஓட்டும் உரிமை பெரியமுத்துவிடமிருந்து எப்போதோ பறிக்கப்பட்டுவிட்டது. ஒருமுறை கொடுத்ததற்கு, கொண்டை ஊசி வளைவில் திருப்புவதுபோலத் திருப்பி இறக்கையை உடைத்துவிட்டு, கிளட்ச் இல்லாத வண்டியை எவன் ஓட்டுவான் என்று கேட்டவர் அவர். ஆனால் பாரத்தைப் பற்றி அவருக்குத் தெரியும்.

"பின்னால வெயிட்டு பத்தல. நம்ம அழகுத்தாயக்கா ஏறுனா ஜீப்பு பின்னால எப்பிடி உக்காருது? முன்னால லேசாயிருதுல்ல?"

அழகுத்தாய் அதே ரிசார்ட்டில் துணி தேய்ப்பவர். செல்வலட்சுமியைவிடப் பத்துப் பன்னிரண்டு வயது மூத்தவர், கனத்த உடம்பு. காலையில் பெரியமுத்துவின் ஜீப்பில் கடைசியாக ஏறிக் கடைசியில் உட்காருவார். செல்வலட்சுமி விமானத்தின் வால்பகுதியில் ஓர் எடைக்கட்டை வைத்து, அதற்கு அழகுத்தாய் என்று தமிழிலேயே பெயர் எழுதினார். விஷயத்தைச் சொன்னதும் அழகுத்தாய் கேட்ட ஒரே கேள்வி, "அங்கன ஜன்னல் இருக்கா?"

வாலில் ஜன்னல் கிடையாது. அதனால் கட்டையைக் கடைசி வரிசை ஜன்னலோரத்துக்கு மாற்றினார். சரியான எடை வேண்டும் என்பதற்காக அழுக்குத் துணி நிறுக்கும் தராசில் ஏறச் சொன்னபோது மட்டும் அழகுத்தாய் மறுத்துவிட்டார். அது நல்லதாகவே போயிற்று. ஓர் ஆளின் எடை அந்த விமானத்துக்கு எந்த மூலைக்கும் போதவில்லை. கூட்டிக் கூட்டி வைத்ததில், மூக்கு நிமிர்ந்தபோது கட்டையின் எடை ஏறக்குறைய ஒரு ஜீப்பின் எடைக்கு வந்திருந்தது. இதை அவர் அழகுத்தாயிடம் சொல்லவில்லை.

விமானத்தை இணையத்தில் ஏற்றினார். பலர் இறக்கினார்கள். யாரோ ஒருவர் தன் மொழியில் பாராட்டி எழுதியதை மொழிபெயர்ப்புச் செயலியில் போட்டால், 'உங்கள் கைகளுக்கு ஆரோக்கியம்' என்று வந்தது. அதை அழகுத்தாய்க்குப் படித்துக் காட்டினார்.

"சோப்புத் தண்ணியில ஒனக்குத் தோலு உரியுறது அவனுக்கு எப்பிடித் தெரியும்?" என்றார் அழகுத்தாய்.

இரண்டு மாதம் கழித்து ஒரு நாள், விளையாட்டின் முதல் பக்கத்தில் அதிகம் பேர் ஓட்டும் விமானமாக 'சூரியநெல்லி' நின்றது. பெயர் வேறு. வெள்ளையில் இளநீலப் பட்டை அடித்திருந்தது. ஏற்றியவர் பெயரும் வேறு. செல்வலட்சுமி இறக்கி உள்ளே போய்ப் பார்த்தார். முன் கழிப்பறைக் கதவு உள்ளே மடங்கியது. பின் கழிப்பறைக் கதவு வெளியே திறந்தது.

"அதுல எம்புட்டுப் பேரு நல்லாருக்குன்னு எழுதியிருந்தாக தெரியுமா சார். என்னையச் சொல்லுதாகன்னுதான் படிச்சுக்கிட்டே போனேன். கீழ பாத்தா அவன் எல்லாத்துக்கும் நன்றி சொல்லியிருக்கான்."

விளையாட்டை நடத்துபவர்களுக்குப் புகார் எழுதினார். உங்கள் கருத்து எங்களுக்கு முக்கியம் என்று உடனே பதில் வந்தது, அதன் பிறகு ஒன்றும் வரவில்லை. அந்த ஆளுக்கே எழுதினார். அவர் பதில் போடவில்லை. கோபத்தில் செல்வலட்சுமி தன்னுடைய விமானத்தை இணையத்திலிருந்து எடுத்துவிட்டார், தன் கைப்பேசியில் மட்டும் வைத்துக்கொண்டார். அந்த ஆளின் பெயருக்குப் பக்கத்தில் இருந்த கொடியைப் பெரியமுத்து பார்த்தார். கால்பந்து உலகக் கோப்பை வந்தால் லயத்து வாசலில் அதே கொடியைக் கட்டுகிறவர் அவர்.

"அர்ஜென்டினா" என்றார். கொடியை இன்னொரு தடவை பார்த்தார். "வேற யாராச்சும் அவன் போனை எடுத்துப் பண்ணியிருப்பான்."

அதன் பிறகு சில வாரங்கள் செல்வலட்சுமி எதையும் ஓட்டவில்லை. இயந்திரங்கள் ஓடும், அவர் வாளிமேல் உட்கார்ந்து, கண்ணாடிக்குள் விரிப்புகள் சுழல்வதைப் பார்த்துக்கொண்டிருப்பார். ஜன்னல் திரையைப் பற்றிக்கூட யாரிடமும் கேட்கவில்லை. விருந்தினர் யாராவது மறுபடியும் எழுதிவிட்டார்களோ என்று டின்சிக்குக் கவலையாகிவிட்டது.

பிறகு அந்த இளநீலப் பட்டை விமானம் விழ ஆரம்பித்தது.

சிறிய கைப்பேசிகளிலும் ஓட வேண்டும் என்று, தேவையில்லாத துண்டுகளைக் கழற்றிவிட்டுப் புதிதாக ஏற்றியிருந்தார் அந்த ஆள். ஏறும்போது நன்றாகத்தான் ஏறியது. இறங்கும்போது எல்லோருக்கும் மூக்கு குத்தியது. செல்வலட்சுமி ஒரு டம்ளர் டீயை வைத்துக்கொண்டு, பல மொழிகளில் வந்த திட்டுகளை ஒவ்வொன்றாக மொழிபெயர்த்துப் படித்தார். அன்றைக்குத் துண்டுகள் பிழிந்து முடிந்தும் எழுந்திருக்கவில்லை.

அடுத்த நாள் அந்த ஆளிடமிருந்து செய்தி வந்தது. வணக்கம் தோழரே என்று ஆரம்பித்திருந்தார். கடைசி இருக்கையில் புரியாத எழுத்துகளுடன் ஒரு கனமான கட்டை இருந்ததாம். குப்பை என்று நினைத்து எடுத்துவிட்டாராம். பழைய பிரதியும் அவரிடம் இல்லையாம். அது என்ன, எவ்வளவு எடை, திருப்பி எங்கே வைக்க வேண்டும் என்று தயவுசெய்து சொல்ல வேண்டுமாம். விமானத்தையே எடுத்துக்கொண்டதைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை.

வீட்டுக்குப் போகும் வழியில் ஜீப்பில் பெரியமுத்துவிடம் காட்டினார். பின்னால் அழகுத்தாய் உட்கார்ந்திருந்தார்.

"விடு. விழட்டும்" என்றார் பெரியமுத்து. அர்ஜென்டினாப் பற்றெல்லாம் போய்விட்டிருந்தது.

"ஒங்க ஓட்டத்த சுஜின் தட்டிட்டுப் போனான்ல?" என்றார் செல்வலட்சுமி. சுஜின் பெரியமுத்துவுக்குப் போட்டியான ஜீப்காரர். முன்பதிவு செய்த ஆட்களைப் பாதி வழியில் பேசித் தன் வண்டியில் ஏற்றிவிடுவார். இருவருக்கும் பேச்சுவார்த்தை கிடையாது.

"அதுக்கென்ன இப்ப?"

"அவன் வண்டி மேல போற வழியில நின்னுபோச்சுன்னா நீங்க நிறுத்துவீகளா, தாண்டிப் போயிருவீகளா?"

பெரியமுத்து ஒரு வளைவை முடித்துவிட்டுத்தான் பதில் சொன்னார். "நிறுத்தித்தான் ஆகணும். உள்ள ஆளு இருக்காகல்ல."

செல்வலட்சுமி திரும்பிப் பின்னால் பார்த்தார். "நீங்க சொல்லுங்கக்கா. ஒங்களத்தான் எறக்கிவிட்டிருக்கான்."

"என்னைய எதுக்கு எறக்குனான்?"

"குப்பைன்னு நெனச்சானாம்."

அழகுத்தாய் தேயிலைக் காட்டைப் பார்த்துக்கொண்டு வந்தார். வண்டி எஸ்டேட் கேட்டைத் தாண்டியதும், "ஏத்திக்கிறச் சொல்லு. ஜன்னல்கிட்ட" என்றார்.

அங்கேயே, கைப்பேசிக்குச் சிக்னல் கிடைக்கும் திருப்பத்தில் வண்டியை நிறுத்தச் சொல்லி, செல்வலட்சுமி பதில் எழுதினார். கடைசி வரிசை, இடப்பக்க ஜன்னல். எழுத்தை மாற்றக் கூடாது. இந்த விமானம் நான் கட்டியது, அது உனக்கும் தெரியும், எனக்கும் தெரியும். எடையை எழுதும்போது மட்டும் கைப்பேசியைத் தன் பக்கம் சாய்த்துக்கொண்டார்.

"எம்புட்டுன்னு போட்ட?" என்று கேட்டார் அழகுத்தாய்.

"உள்ளதத்தான் போட்டேங்கக்கா."

இரண்டு நாளில் விமானம் ஒழுங்காக இறங்கத் தொடங்கியது. திட்டுகள் நின்றன. அந்த ஆள் விமானத்தின் குறிப்பில் ஒரு வரி சேர்த்தார். முதலில் கட்டியவர் இன்னார் என்று. 'மேலும்' என்பதை அழுத்தினால்தான் அந்த வரி தெரியும். செல்வலட்சுமி அழுத்திப் பார்த்தார். தன் பெயரில் ஓர் எழுத்து பிழையாக இருந்ததையும் பார்த்தார். "பரவாயில்ல, பிரஸ்னம் இல்ல" என்றார். இப்போது நான்கு எஞ்சின் வைத்த ஒன்றைக் கட்டிக்கொண்டிருக்கிறார். அதில் பணிப்பெண்கள் உட்காரும் மடக்கு இருக்கை எந்தப் பக்கம் பார்த்து இருக்கும் என்று என்னைக் கேட்டார். அதுவும் எனக்குத் தெரியவில்லை.

நான் கிளம்புகிற அன்று பகலில் சலவைக் கூடத்துக்குப் போனேன். மூன்று இயந்திரங்களும் ஓடிக்கொண்டிருந்தன. செல்வலட்சுமி ஒரு செய்தியைப் படித்துக்கொண்டிருந்தார். அர்ஜென்டினாவிலிருந்துதான். கட்டையில் இருக்கும் அந்த எழுத்துகளுக்கு என்ன அர்த்தம் என்று அந்த ஆள் கேட்டிருந்தார்.

தமிழில் ஏதோ தட்டினார், அழித்தார். மறுபடியும் தட்டினார், அதையும் அழித்தார். பிறகு எழுந்து தேய்ப்பு மேசைக்குப் போய் அழகுத்தாயின் கையிலிருந்த இஸ்திரிப் பெட்டியை வாங்கி ஓரமாக வைத்தார். எதுக்குடி என்று கேட்டவரைத் தோளைப் பிடித்துக் கொண்டுவந்து, கொடியில் காய்ந்த வெள்ளை விரிப்புக்கு முன்னால் நிறுத்தினார். சீருடைக் கோட்டின் காலரை நிமிர்த்திவிட்டு, நெற்றி வியர்வையைத் தன் கைக்குட்டையால் ஒற்றி எடுத்தார். இரண்டடி பின்னால் போய்க் கைப்பேசியில் பார்த்தார். திருப்தி இல்லாமல் திரும்பி வந்து, விரிப்பில் இருந்த ஒரு சுருக்கத்தைக் கையால் இழுத்து நேராக்கினார்.

"அசையாம நில்லுங்கக்கா" என்றார்.

அழகுத்தாய் அசையவில்லை.

படத்தை எடுத்து, அதற்குக் கீழே ஒரு வார்த்தையும் எழுதாமல், அனுப்பினார்.