தீபாவளி டிராலியில் ஆட்டுக்கறி

எங்கள் வீட்டில் தீபாவளி என்றால் விடியற்காலை எண்ணெய்க் குளியல், புதுத்துணி, அப்புறம் சுடச்சுட இட்லியும் ஆட்டுக்கறிக் குழம்பும். என் பிறந்த வீட்டிலும் அப்படித்தான், புகுந்த வீட்டிலும் அப்படித்தான். வட ஆற்காட்டை விட்டுப் புனேவுக்கு வந்து போசரியில் குடியிருந்த காலம் முழுக்க இதை யாரும் எங்களிடம் ஏன் என்று கேட்டதில்லை. அந்தச் சந்தில் பாதி வீடுகளில் நம் ஆட்கள். என் வீட்டுக்காரரைப் போலவே பக்கத்துத் தொழிற்பேட்டையில் லேத்தோடு மல்லுக்கட்டுகிறவர்கள். தீபாவளி காலையில் யார் வீட்டுக் குழம்பு நன்றாக இருக்கிறது என்று வாசனையை வைத்தே வம்பளப்போம்.

புனேவிலேயே வாகட் பக்கம் ஃப்ளாட் வாங்கிக் குடிபோன பிறகுதான் தலைவலி ஆரம்பித்தது. ஹிஞ்சவாடிக்குக் கம்ப்யூட்டர் கம்பெனிகள் வந்து, வயல் இருந்த இடத்தில் எல்லாம் கட்டடம் எழும்பிக்கொண்டிருந்த நேரம். எதிர்வீட்டில் ஒரு மராத்திக்கார அம்மாள். நல்ல மனுஷி, அதைச் சொல்லாவிட்டால் என் நாக்கு அழுகிவிடும். சாமான் இறக்கிய அன்றே டீயும் பிஸ்கட்டும் கொண்டுவந்தாள். “நாங்களாவது எப்பவாவது மட்டன், மீன் சாப்பிடுவோம். நீங்க மதராசி ஆளுங்க தொடவே மாட்டீங்க, எவ்வளவு சுத்தம்!” என்று கன்னத்தில் கைவைத்து வியந்தாள். தமிழன் என்றால் இட்லி, சாம்பார், விபூதி, அவ்வளவுதான் என்று இந்த ஊருக்கு எந்தப் புண்ணியவான் சொல்லிக்கொடுத்தானோ! நான் வாயைத் திறப்பதற்குள் என் மகள் முந்திக்கொண்டு, “ஹோ காகு”, ஆமாம் சித்தி, என்று தலையாட்டிவிட்டாள். அந்த ‘ஆமாம்’தான் எல்லாவற்றுக்கும் பிள்ளையார் சுழி.

அவள் அப்போது ஆறாம் வகுப்பு. எதிர்வீட்டு அம்மாளின் பெண்ணும் அதே வகுப்பு, அதே பஸ். அதன்பிறகு நான் மீன் பொரித்தால் இவள் ஓடிப்போய் ஜன்னலைச் சாத்துவாள். ஊதுவத்தி கொளுத்துவாள். ஏதோ சின்னப்பிள்ளை வேடிக்கை என்று நினைத்துக்கொண்டேன்.

அந்த வருஷம் தீபாவளி வாரம் முழுக்க வீட்டுக்காரருக்கு ஓவர்டைம். போசரிக் கறிக்கடைக்குப் போய்வர ஆளில்லை. ஹைவே பக்கம் புதிதாக மலிவு விலை சூப்பர்மார்க்கெட் ஒன்று திறந்திருந்தார்கள், உள்ளே கடைசி மூலையில் கறி, மீனுக்கும் இடம் இருக்கிறது என்று கேள்விப்பட்டு மகளை இழுத்துக்கொண்டு போனேன். பையை வாசலில் கொடுத்து டோக்கன் வாங்குவதற்கே ஒரு தள்ளுமுள்ளு. பிம்ப்ரி, சிஞ்ச்வட் ஜனம் மொத்தமும் அங்கேதான் நின்றது. நடுவில் அவல் மூட்டை, பொட்டுக்கடலை, வேர்க்கடலை, சர்க்கரை எல்லாம் மலையாகக் குவிந்து கிடந்தன. எல்லாம் மராத்தியர் தீபாவளிப் பலகாரத்துக்கு, அவர்கள் சொல்லும் ஃபராளுக்கு. இட்லி அரிசி கேட்டால் இட்லி ரவையைக் காட்டினார்கள். ரவையில் இட்லி செய்து மாமியாருக்குத் தெரிந்தால் மேலோகத்திலிருந்து இறங்கி வந்துவிடுவாள். கீழ்த்தட்டில் முட்டிபோட்டுத் தேடி ஒரு புழுங்கலரிசி மூட்டையை நானே கண்டுபிடித்தேன்.

கறி இருந்த மூலையில் கூட்டமே இல்லை. எலும்போடு வெட்டிய ஆட்டுக்கறியைத் தட்டில் வைத்துக் கண்ணாடித்தாள் சுற்றியிருந்தார்கள். பெரிய தட்டாகப் பார்த்து எடுத்தேன். மகள் என் கையைப் பிடித்தாள்.

“மம்மி, ப்ளீஸ். இந்த வருஷம் வேணாம். சிவ்டா பண்ணு, சக்லி பண்ணு. எல்லாரும் அதான பண்றாங்க.”

“முறுக்கு சுடத்தான் போறேன். அதுக்கும் இதுக்கும் இன்னாடி சம்பந்தம்?”

“நான் ஸ்கூல்ல வெஜ்னு சொல்லிட்டேன். பில்டிங்ல கூட. இப்ப தெரிஞ்சா என்னை ஜூட்டீன்னு சொல்லுவாங்க.”

பொய்க்காரி என்று சொல்லிவிடுவார்களாம். எனக்குப் பொறுக்கவில்லை. அவள் பொய் சொன்னதற்காகக்கூட இல்லை. வருஷம் பூராவும் ஷிஃப்ட் ஷிஃப்டாக ஓடுகிற மனுஷன், மகளைப் பக்கத்தில் உட்காரவைத்து நிதானமாகச் சாப்பிடுவது அந்த ஒரு காலையில்தான். இன்றைக்கு அந்தச் சாப்பாட்டுக்கு வெட்கப்படுகிறவள் நாளைக்கு அப்பாவின் கிரீஸ் ஏறிய நகத்துக்கு வெட்கப்படுவாள், அப்புறம் என் பேச்சுக்கு, அப்புறம் எனக்கே. இதை விட்டால் பிள்ளை கைவிட்டுப் போய்விடுவாள் என்று நிஜமாகவே பயந்தேன். பயம் வந்தால் எனக்குக் கோபமாகத்தான் வெளியே வரும். தட்டைத் தூக்கி டிராலியில் போட்டேன்.

பில் போடும் வரிசையில் நின்றபோது பார்த்தால் கறித் தட்டைக் காணோம். மகள் அதை அரிசிக்கு அடியில் தள்ளி, மேலே அவல் பொட்டலங்களை அடுக்கி வைத்திருந்தாள். நான் வாங்காத அவல், அவள் கேட்ட சிவ்டா மிக்சருக்கு! எதற்கு என்று கேட்பதற்குள் பின்னாலிருந்து, “அஹோ வஹினி!” என்று அண்ணி முறை வைத்துக் கூப்பிடும் குரல். எதிர்வீட்டு அம்மாள்தான், நிறைந்த டிராலியோடு. “ஃபராள் எல்லாம் ஆச்சா?” என்று என் டிராலிக்குள் அன்போடு எட்டிப் பார்த்தாள். மகள் அவல் பொட்டலங்களை அவசரமாக இன்னும் நெருக்கி வைத்தாள்.

எனக்கு என்ன வேகமோ, அவலையெல்லாம் ஓரமாகத் தள்ளிவிட்டு அடியில் கைவிட்டுக் கறித் தட்டை எடுத்தேன். பில் மேசையில் முதல் சாமானாக அதைத்தான் வைத்தேன்.

“தீவாளீலா மட்டண்?” என்றாள் அந்த அம்மாள், சாவுச் சேதி கேட்பதுபோலக் குரலைத் தணித்து.

எனக்குத் தெரிந்தது போசரி மராத்தி. அதில் மரியாதை கொஞ்சம் குறைவாகத்தான் இருக்கும். “ஆமா, தீபாவளிக்குத்தான். ஹோலிக்கு மறுநாள் துளவட் அன்னிக்கு உங்க வீட்டுக்காரர் கறிக்கடை வாசல்ல தூக்குப் பாத்திரத்தோட நின்னதை நானே பார்த்தேன். உங்களுக்குத் துளவட், எங்களுக்குத் தீபாவளி. இதுல யாரு சுத்தம், யாரு அசுத்தம்?” என்று கேட்டேன். முன்னால் நின்றவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். பார்க்கட்டுமே.

“நான் தப்பா ஒண்ணும் சொல்லலை, வஹினி” என்று முணுமுணுத்துவிட்டு அவள் தன் டிராலியைக் குடைய ஆரம்பித்தாள். அவல் வேண்டாம் என்று பில் போடும் பெண்ணிடம் திருப்பிக் கொடுத்தேன்.

ஆட்டோவில் மகள் என்னைவிட்டு ஓரமாக ஒதுங்கி உட்கார்ந்தாள். வீட்டுக்குள் நுழைந்ததும் வெடித்தாள்.

“என் மானமே போச்சு. நான் அத சாப்பிட மாட்டேன்.”

“சாப்பிடாட்டி போ. கொழம்பு கொதிக்கத்தான் கொதிக்கும். ஜன்னலும் தொறந்துதான் இருக்கும்.”

தீபாவளியன்று விடிவதற்கு முன்பே எதிர்வீட்டிலும் எண்ணெய் தேய்த்துக் குளித்துவிட்டார்கள். அவர்கள் பூசுகிற உட்டணே பொடியின் மணம் மாடிப்படிவரை வந்தது. குளிக்கும் நேரம்கூட ஒன்றுதான், தட்டில்தான் வித்தியாசம். நான் சமையலறை ஜன்னலைத் திறந்தேன், வாசல் கதவையும் திறந்தேன், மசாலாவை வதக்கிக் கறியைப் போட்டேன். வீட்டுக்காரர் புதுச்சட்டையில் வந்து உட்கார்ந்து, “கொழந்த எங்க?” என்றார். அவள் புதுப் பாவாடையோடு உள் அறையில் சுவரைப் பார்த்து உட்கார்ந்திருந்தாள். அவர் இட்லியைத் தொடாமல் காத்திருந்தார். அவள் வராவிட்டால் எனக்கும் ஒரு வாய் இறங்காது, அது எனக்குத் தெரியும். அதற்காக அடுப்பை அணைக்கவும் எனக்கு மனசில்லை.

அந்த நேரம் பார்த்து வாசலில் மகளோடு படிக்கும் எதிர்வீட்டுப் பெண், கையில் ஃபராள் தட்டு. நான் வேண்டுமென்றே அசையாமல் நின்றேன். மகள்தான் எழுந்து போனாள்.

“இது என்ன வாசனை?” என்று அந்தப் பெண் இந்தியில் கேட்டது என் காதில் விழுந்தது.

நான் கரண்டியைப் பிடித்தபடி நின்றேன்.

“மட்டன்,” என்றாள் என் மகள். “வெஜ்னு நான் சொன்னது பொய். நாங்க சாப்பிடுவோம். தீபாவளிக்குக் கட்டாயம் சாப்பிடுவோம்.”

அந்தப் பெண் என்ன முகம் காட்டினாளோ, தெரியாது. மகள் தட்டை வாங்கி அலமாரியின் மேல் வைத்துவிட்டு, கதவைச் சாத்தாமல் வந்து அப்பா பக்கத்தில் சம்மணம் போட்டு உட்கார்ந்தாள். கண் இன்னும் சிவந்துதான் இருந்தது. நான் குழம்பை எடுக்கக் குனிந்ததும் எட்டிச் சட்டிக்குள் பார்த்தாள்.

“மம்மி, நல்லி எனக்கு. பப்பாவுக்குப் போட்டுடாத.”