சீமோன் அண்ணை கண்டெடுத்த பாடகர்

இசைத்தட்டில் ஊசியை இறக்கியதும் சீமோன் அண்ணை செருப்பைக் கழற்றிவிடுவார். செருப்புடன் கேட்பது மரியாதையில்லையாம். பிறகு கண்ணை மூடுவார். சற்று நேரத்தில் மூக்கு சிவந்துவிடும்.

"தாய் செத்த வீட்டிலை இருந்து பாடுறான். கேக்குதோ?"

எனக்குக் கேட்பது கிணற்றுக்குள் விழுந்த ஒருவரின் குரல். குசினிக்குள்ளிருந்து அவர் மனைவி கிளடிஸ் அக்கா சொல்வார்: "அந்தாளுக்குச் சளியப்பா."

அண்ணை ஸ்காபரோவில் பள்ளிக்கூட பஸ் ஓட்டுகிறார். வீதியோரம் யாரோ எறிந்த பெட்டியில் அகப்பட்டது அந்தத் தட்டு. பாடியவர் லெமுவெல் ஹாஸ்கின்ஸ், நூறு வருடங்களுக்கு முன் அமெரிக்காவின் தென் மாநிலமொன்றில் ப்ளூஸ் பாட்டுப் பாடிய கறுப்பினத்தவர். உலகம் மறந்துவிட்ட அந்த மனிதரை மீட்பது தன் கடமை என்று அண்ணை முடிவெடுத்துவிட்டார். பூசை முடிந்து வருபவர்களைக் கோவில் வாசலில் மறித்துச் சொல்வார். பிறந்தநாள் வீடுகளில் கேக் வெட்டுமுன் பாட்டைப் போடுவார். பிள்ளைகள் வீரிட்டு அழும்.

"பாத்தியே, குழந்தைக்கும் விளங்குது!"

போன மாதம், முகநூலில் தேடித்தேடி, ஹாஸ்கின்ஸின் பூட்டப்பிள்ளை டெல்பீன் எங்கள் நகரத்திலேயே, பார்க்டேலில் இருப்பதைக் கண்டுபிடித்தார். கோட் அணிந்து, தட்டை நெஞ்சோடு அணைத்தபடி, அக்காவையும் கூட்டிக்கொண்டு என் காரில் ஏறினார்.

"அந்தப் பிள்ளை தாங்குமோ தெரியேல்லை. கண் துடைக்க ரிஷூ எடுத்தனீரோ?" என்று அக்காவைக் கேட்டார்.

டெல்பீன் தட்டைக் கண்டதும் துள்ளினார். தன் பழைய பிளேயரில் அதை வைத்து, வேகத்தை நிமிடத்துக்கு எழுபத்தெட்டுச் சுற்றுக்குத் திருப்பினார். அண்ணையின் பிளேயரில் அந்த வேகமே கிடையாது.

பாட்டுப் பாய்ந்து வந்தது. துள்ளும் கிற்றார், கீச்சுக்குரல், நடுவில் பெரிய உறுமல். பாதிரியாரின் தொப்பியைத் தின்ற பன்றியின் கதையாம் அது. அவர்கள் வீட்டுக் கலியாணங்களில் எல்லோரும் சேர்ந்து உறுமுவார்களாம். ஏறக்குறைய அரைவேகத்தில் போட்டுத்தான் அண்ணை இவ்வளவு காலமும் அழுதிருக்கிறார்.

கிளடிஸ் அக்கா கதிரையைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். "உதுவோப்பா செத்த வீடு?"

அண்ணை வாடிப்போனார். "அப்ப நான் கண்டுபிடிச்ச மனுசன் ஆர்?"

டெல்பீன் அவருடைய கையைப் பிடித்துக்கொண்டார். தங்களிடமிருந்த ஒரே தட்டு உடைந்து வருடக்கணக்காகிறது, இந்தக் குரலை இனிக் கேட்பேன் என்று நினைக்கவில்லை என்றார். அவருக்குக் கண் கலங்கியிருந்தது. ஊசியை மறுபடி ஆரம்பத்தில் வைத்தார்.

பன்றியின் இடம் வந்தது. சீமோன் அண்ணை கோட்டுப் பொத்தானைக் கழற்றி, நெஞ்சு நிறைய மூச்செடுத்து, உறுமினார்.